சத்தியமாக இனி நோண்டமாட்டேன்

காப்பிச் செடிக்குத் தண்டு துளைக்கும் புழு எப்படியோ, அப்படியே ஒழுங்காக ஓடுகிற இயந்திரத்துக்கும் ஒரு ஜென்மப் பகை உண்டு. அதற்கு இரண்டு கை, இரண்டு கால், சட்டைப் பையில் ஒரு ஸ்க்ரூ டிரைவர். அதன் பெயர் நோண்டுகிறவர். கெட்டுப்போனதைச் சரிசெய்கிறவர்தானே என்று அவசரப்பட்டு மாலை வாங்கப் போய்விடாதீர்கள். கெட்டுப்போனதைச் சரிசெய்கிறவர் மெக்கானிக். அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம். இவர் கெட்டுப்போகாததைச் சரிசெய்கிறவர். மிக்ஸி ஓடினால் அதன் சத்தம் பிடிக்காது, ரேடியோ பாடினால் அதன் குரல் போதாது, காற்றாடி சுற்றினால் அது இன்னும் நேராகச் சுற்றலாமே என்று தலையைச் சாய்த்துப் பார்ப்பார். 'ரெண்டே நிமிசம்' என்பார். 'ஒரே ஒரு சின்ன மாத்தம்' என்பார். இரண்டு மணி நேரம் கழித்து மூடியைப் போட்டு முடுக்கினால் ஒரு ஸ்க்ரூ மிச்சம் இருக்கும். அதற்காக அவர் கலங்குவாரா? கம்பெனிக்காரன் ஒன்று கூடுதலாகப் போட்டுவிட்டான் என்று சொல்லிப் பையில் போட்டுக்கொள்வார்.

இந்த இனத்தில் உத்தமமான ஒருவரைத் தொண்ணூறுகளின் கடைசியில் ஏற்காடு கண்டது. பகலில் கொட்டச்சேட்டுப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர், மற்ற நேரமெல்லாம் சர்வர் பைத்தியம். பெயர் ஐயாக்கண்ணு.

ஏரிக்குப் போகிற வழியில் தேவகுமாரி ஒரு பிரவுசிங் சென்டர் திறந்திருந்தாள். மலையிலேயே முதல் கடை. மூன்று கம்ப்யூட்டர், மூன்றுக்கும் ஒரே டெலிபோன் லைனில் இன்டர்நெட்டைப் பங்கு வைத்துக் கொடுக்க நான்காவதாக ஒன்று. அந்த நான்காவதுதான் சர்வர். பத்திரிகையோடு இலவசமாக வந்த லினக்ஸ் சிடியைப் போட்டு, மொழி தெரியாத ஊரில் வழி கேட்டுப் போகிறவன் மாதிரி தட்டுத் தடுமாறி அதை ஓட வைத்தவர் ஐயாக்கண்ணு. காசு பணம் எதுவும் கேட்கவில்லை. நோண்ட விட்டால் போதும் என்றார். அதைவிடப் பெரிய கூலி எதுவும் இல்லை என்று பாவம், தேவகுமாரிக்கு அப்போது தெரியாது.

அது ஓட ஆரம்பித்ததும் பிடித்தது பாதுகாப்புப் பைத்தியம். ஹேக்கர் என்று ஒரு திருடன் இருக்கிறானாம். எங்கேயோ உட்கார்ந்துகொண்டு ஒயர் வழியாகவே வந்து கம்ப்யூட்டருக்குள் புகுந்துவிடுவானாம். அவன் அமெரிக்காவில் இத்தனை பாங்குகளை விட்டுவிட்டு ஏற்காட்டுக்கு எதற்கு வருவான் என்று கேட்கிறீர்களா? தேவகுமாரியும் கேட்டாள்.

"கோடைக்கு எல்லாரும்தான் வர்றாங்க, அவன் மட்டும் வரமாட்டானுங்களாக்கா?" என்றார் ஐயாக்கண்ணு.

சர்வருக்கு ஓர் இரும்பு பீரோ வந்தது. மலைமூட்டத்தின் ஈரம் உள்ளே இறங்காமல் இருக்க, பீரோவுக்குள் ராப்பகலாக ஒரு குண்டு பல்பு எரிந்தது. கரண்டு போனாலும் சர்வர் சாகக்கூடாது என்று பழைய லாரி பேட்டரி ஒன்று அதன் காலடியில் உட்கார்ந்தது. பின்பக்கம் போட்ட ஓட்டை வழியாக டெலிபோன் ஒயர் உள்ளே போனது. லைனில் யாரும் குறுக்கே பேசக் கூடாது என்று தேவகுமாரியின் சிவப்பு டெலிபோனைப் பிடுங்கி நாற்காலிக்கு அடியில் போட்டார். பாஸ்வேர்டோ வாராவாரம் மாறியது. ஒவ்வொன்றும் மந்திரவாதி மட்டுமே உச்சரிக்கக்கூடியது. காலையில் கடையைத் திறக்க வேண்டுமென்றால் தேவகுமாரி மூச்சை அடக்கிக்கொண்டு, நெற்றி வியர்க்க, ஓரோர் எழுத்தாக அடித்தாக வேண்டும்.

இவ்வளவுக்கும் அந்தக் கடைக்கு வந்த ஒரே அபாயம் யாரால் வந்தது? வாரத்தில் மூன்று நாள் அது படுத்தது. மூன்று நாளும் ஐயாக்கண்ணு 'சின்ன மாத்தம்' செய்த நாள்.

கடை இருந்த இடம் தேவகுமாரியின் அண்ணன் செல்லப்பனுடையது. அவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு நாள் அளவு டேப்போடு வந்து சுவரை அளந்தார்.

"ப்ளஸ் டூ ரிசல்ட்டு வர்ற அன்னிக்கு மலைச்சனம் பூரா இங்கதான் வரும். அன்னிக்கு இது ஓடுச்சுன்னா கடை உன்னுது. படுத்துச்சுன்னா மறு நாளே தைலக்கடை வெச்சுருவேன். டூரிஸ்ட்டு வாங்கிட்டுப் போவான். தைலம் என்னிக்காச்சும் ஹேங் ஆகி இருக்குதா?"

தேவகுமாரி அன்று இரவு சாப்பிடவில்லை. ஐயாக்கண்ணுவும்தான். அவளுக்குக் கடை போய்விடுமே என்ற கவலை. அவருக்கு சர்வர் போய்விடுமே என்ற கவலை. அவருடைய மகள் கண்ணாயியும் அந்த வருஷம்தான் ப்ளஸ் டூ எழுதியிருந்தாள் என்பது அவருக்குச் சற்று பின்னால்தான் ஞாபகம் வந்தது.

மறுநாள் மனைவி சின்னத்தாயி அவரைக் கையோடு சேர்வராயன் கோயிலுக்கு அழைத்துப்போய்க் கற்பூரத்தின் முன்னால் நிறுத்தினாள். ரிசல்ட் முடிகிறவரை பீரோவைத் திறக்கமாட்டேன், சத்தியமாக இனி நோண்டமாட்டேன் என்று ஐயாக்கண்ணு கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தார். பீரோச் சாவியை வாங்கித் தாலிச் சரட்டில் கோத்துக்கொண்டாள் சின்னத்தாயி.

ஆச்சரியம் பாருங்கள், அன்றிலிருந்து சர்வர் ஒரு தடவைகூடப் படுக்கவில்லை. மகராசனாக ஓடியது. யாருக்கும் சந்தோஷம் தாங்கவில்லை, ஒருவரைத் தவிர. கை அரிக்க, கண் பூக்க, பீரோவின் கதவில் காது வைத்து விசிறிச் சத்தம் கேட்டுக்கொண்டு ஐயாக்கண்ணு நாளைக் கடத்தினார்.

ரிசல்ட் நாளும் வந்தது. மாரமங்கலம் பஸ், தலைச்சோலை ஜீப் எல்லாம் பிள்ளைகளைக் கொண்டுவந்து கொட்டின. கடைக்கு வெளியே வரிசை ரோட்டைத் தொட்டது. ஓரமாக டேப்போடு செல்லப்பன் நின்றார். சின்னத்தாயி மகளுக்காகத் தேங்காய் உடைக்கக் கோயிலுக்குப் போயிருந்தாள். கண்ணாயி கணக்குப் பரீட்சையை நினைத்து நகத்தைத் தின்றுகொண்டிருந்தாள். பத்து மணிக்கு ரிசல்ட். அதற்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது.

அப்போது கறுப்புக் கண்ணாடி போட்ட டூரிஸ்ட் ஒருவன் எட்டிப் பார்த்து, "நெட் இருக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனான். போதாதா?

ஐயாக்கண்ணு துள்ளி எழுந்தார். மலைச்சனம் பூரா நம்பி வந்திருக்கிற நாளில் ஹேக்கர் வாசல் வரை வந்துவிட்டான்! திறக்கமாட்டேன், நோண்டமாட்டேன் என்றதெல்லாம் பீரோவைப் பற்றித்தானே? ஒயரைப் பற்றி சாமியிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லையே? மூலையில் இருந்த கம்ப்யூட்டரில் உட்கார்ந்தார். ஒயர் வழியாக சர்வருக்குள் நுழைந்தார். திட்டம் இரண்டே வரி. முதல் வரி, யாரையும் உள்ளே விடாதே. இரண்டாவது வரி, நம்ம கடை ஆட்களை மட்டும் விடு. என்ன பிசகு? ஒன்றுமில்லை. வரிசைதான் பிசகு.

முதல் வரியை அடித்தார். தட்டினார். சர்வர் நல்ல வேலைக்காரன். சொன்னதைச் சொன்னபடி செய்தது. யாரையும் உள்ளே விடாதே என்றால் எஜமானும் அதில் அடக்கம்தானே? இரண்டாவது வரியை அடிக்க விரலைத் தூக்கினார். திரையில் அசைவில்லை. மூன்று கம்ப்யூட்டரும் வாய் மூடிக்கொண்டன. நுனிக்கிளையில் உட்கார்ந்து அடிக்கிளையை வெட்டினவன்கூட கீழே விழ ஒரு நொடி எடுத்துக்கொண்டிருப்பான்.

"ஏனுங்க தம்பி, என்னாச்சு?" என்றாள் தேவகுமாரி.

"ஒண்ணுமில்லைங்கக்கா. ரெண்டே நிமிசம்."

அந்த வார்த்தையைக் கேட்டதும் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. "அடப்பாவி! நோண்டிட்டியா?"

"பாதுகாப்புக்குத்தானுங்க..."

"திற பீரோவை!"

"சாவி சின்னத்தாயிகிட்ட. அவ கோயில்ல."

"மெயினை ஆஃப் பண்ணி ஆன் பண்றேன்."

"பண்ணாலும் நிக்காதுங்க. லாரி பேட்டரி இருக்குது. ராத்திரி வரைக்கும் தாங்கும்." இதைச் சொல்லும்போது அந்த மனுஷன் குரலில் ஒரு பெருமை எட்டிப் பார்த்தது என்றால் நம்புவீர்களா?

வெளியே மணி பத்தாகிவிட்டது என்று சத்தம் எழுந்தது. வரிசை குலைந்து கூட்டம் உள்ளே சரிந்தது. செல்லப்பன் டேப்பைச் சரக்கென்று இழுத்தார். ஐயாக்கண்ணு பீரோவைத் தட்டினார், தள்ளினார், தன் ஸ்க்ரூ டிரைவரைப் பூட்டுக்குள் விட்டுத் திருகினார். அவரே பார்த்துப் பார்த்து வாங்கிய பூட்டு. அசையுமா? கண்ணாயி பக்கத்தில் வந்து நின்றாள்.

"அப்பா, என் நம்பரைப் பார்த்தீங்களா?"

மகளின் முகத்தைப் பார்த்ததும்தான் அவருக்கு உண்மையிலேயே அழுகை வந்தது. "கொஞ்சம் பொறு சாமி," என்றார்.

தேவகுமாரி குனிந்து நாற்காலிக்கு அடியிலிருந்து சிவப்பு டெலிபோனை இழுத்தாள். சுவரில் இருந்த பெட்டியில் பீரோவுக்குப் போகிற ஒயரைப் பிடித்தாள்.

"அக்கா, புடுங்காதீங்க! சர்வர் பதறிப்போயிரும்!"

"பதறட்டும்!" ஒரே இழுப்பு. டெலிபோன் ஒயரைச் சொருகினாள். சேலத்தில் இதே தொழில் நடத்தும் அற்புதத்தைக் கூப்பிட்டாள். "அற்புதம், நான் நம்பர் சொல்றேன், நீ பார்த்துச் சொல்லு. வைக்காத, மலைப் பிள்ளைக பூராம் இங்க நிக்குது."

அப்புறம் நடந்தது திருவிழா. அவள் நம்பரைக் கத்த, சேலம் மார்க்கைக் கத்த, அவள் திரும்பிக் கத்த, பிள்ளைகள் கத்த, கடை குலுங்கியது. பாஸானவர்கள் யாரையாவது கட்டிக்கொண்டார்கள். ஒரு பையன் தெரியாமல் செல்லப்பனையே கட்டிக்கொண்டு சுற்றினான். டேப் எங்கே விழுந்ததோ தெரியவில்லை. கண்ணாயி கணக்கில் பாஸ், அதுவும் நல்ல மார்க். ஐயாக்கண்ணு அவளைத் தூக்கப் பார்த்து, முடியாமல், தானே இரண்டு குதி குதித்தார்.

சின்னத்தாயி தேங்காய் மூடியோடு வந்து சேர்ந்தபோது கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. சாவியைக் கழற்றிக் கொடுத்தாள். பீரோ திறந்தது. உள்ளே கதகதவென்று பல்பு எரிய, சர்வர் சௌக்கியமாக இருந்தது. விரட்டப்பட்டவர்களின் வரிசை திரையில் நீளமாக இருந்தது. ஐயாக்கண்ணு படித்தார். முகம் பூத்தது.

"அக்கா, பார்த்தீங்களா! ஒருத்தனும் உள்ள நுழையலை. நானே எத்தனை வாட்டி முட்டியிருக்கேன், என்னையே விடலைங்க! நொம்பக் கெட்டியான பாதுகாப்பு!"

தேவகுமாரி தலையில் அடித்துக்கொண்டாள். செல்லப்பனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பொறாமைப்பட வைக்கும் கூட்டத்தை அவரும்தானே பார்த்தார்?

"கடை இருக்கட்டும் தேவு. இவ்வளவு சனம் தைலத்துக்கு வராது. ஆனா ஒண்ணு, அந்தச் சிவப்பு ஃபோன்தான் இன்னிக்கு மானத்தைக் காப்பாத்துச்சு. அதை மட்டும் இந்த ஆளு கிட்ட அண்ட விட்டுறாத."

எல்லோரும் ஃபோனைத் திரும்பிப் பார்த்தார்கள். அது மல்லாந்து கிடந்தது. அடிமூடி தனியாக இருந்தது. ஐயாக்கண்ணு அதற்குள் ஊதிக்கொண்டிருந்தார்.

"இல்லைங்க, பேசும்போது லேசா ஒரு இரைச்சல் கேட்டுச்சு. ரெண்டே நிமிசம்."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். சிரித்து முடித்ததும் உங்கள் வீட்டு மேசை டிராயரை ஒரு தடவை திறந்து பாருங்கள். மூலையில் ஒரு ஸ்க்ரூ கிடக்கும். எதிலிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியாது. வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும்.