ஜாவாவுக்குப் போன முறைப்பலகை

ஓய்வூதியம் எடுக்கிற வயதில் மனிதன் அமைதியை நாடுவது உலக வழக்கம். அதை எந்த நாட்டில் நாடுவது என்பதில்தான் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் தமிழர் காலத்துக்குக் காலம் கட்சி மாறுவார்கள். ஒரு காலம் கனடா என்றார்கள். பிறகு லண்டன். இப்போது இரண்டு வருஷமாய் ஜாவா. நாகமுத்து என்பவர் அங்கே நெல்வயலுக்கு நடுவில், ஓட்டு வீட்டு வாசலில் இருந்து கோப்பி குடிக்கிற வீடியோ ஒன்றைப் போட்டார். அவ்வளவுதான். கலியாண வீட்டிலும் ஜாவா, செத்த வீட்டிலும் ஜாவா. "அண்ணை, நீங்கள் இன்னும் அங்க வீடு பார்க்கேல்லையோ?" என்று கேட்டால், பார்க்காதவர் தலையைக் குனிந்துகொண்டு வடையைச் சாப்பிட வேண்டியதுதான்.

தம்பித்துரைக்கு இது நாகரிகம் இல்லை, உயிர்ப் பிரச்சினை. கார்ச்சாமான் தொழிற்சாலையில் உழைத்து மூன்றாம் மாடியில் ஒரு வீடு வாங்கியிருந்தார். இரண்டாம் மாடியில் ஃபிராவ் ஹேகலே என்ற ஜெர்மன் மனுசி இருந்தது. மத்தியானம் ஒன்றில் இருந்து மூன்று வரைக்கும் கட்டடத்தில் அமைதி நேரம். அந்த நேரத்தில் மனைவி ஸ்வர்ணா சம்பலுக்குக் கிரைண்டரைப் போட்டால், கீழே இருந்து கூட்டுகிற தும்புத்தடியால் மூன்று இடி விழும். ஞாயிற்றுக்கிழமை என்றால் நாள் முழுக்க அமைதி, நாள் முழுக்க இடி.

அதைவிடப் பெரிய கொடுமை முறைப்பலகை. படிக்கட்டுக் கூட்டுகிற முறை யாருக்கோ, அவருடைய கதவில் ஒரு மரப்பலகை வந்து தொங்கும். தம்பித்துரை கூட்டி முடித்ததும் ஃபிராவ் ஹேகலே விரலால் படியைத் தடவும். விரலைப் பார்க்கும். பிறகு தம்பித்துரையைப் பார்க்கும். ஐயோ, அந்தப் பார்வை! முப்பது வருஷமாய் மனுசன் அதுக்குக் கூசிக்கூசியே கூனிப் போனார்.

"ஸ்வர்ணா, பலகை இல்லாத ஊரிலதான் நான் கண்ணை மூடுவன்."

"நினைச்ச நேரம் கிரைண்டர் போடலாமெண்டால் நான் சந்திரனுக்கும் வாறன்."

சந்திரனில் வீடு விற்பனைக்கு இல்லாதபடியால் இருவரும் ஜாவாவுக்குப் போனார்கள்.

வயல், வாய்க்கால், வாழை, பின்னால் ஒரு மலை. நாகமுத்துவின் வீடியோ பொய் சொல்லவில்லை. வெளிநாட்டவருக்கு நிலம் சொந்தமாகாது, இருக்கிற உரிமையைத்தான் வாங்கலாம் என்றார்கள். இருக்கத்தானே வந்தது என்று தம்பித்துரை முற்பணம் கட்டிக் குடிபுகுந்தார். அன்றைக்கே ஊர்த்தலைவர் வார்சோனோவிடம் பதிவு செய்யப் போனார். தலைவர் வாசலில் கோழிக்குத் தீன் போட்டுக்கொண்டிருந்தார். ஆங்கில ஆசிரியையான மகள் மொழிபெயர்த்தாள்.

"தலைவரைச் சந்திக்க ஒரு தெர்மின் வேணும், முன்கூட்டிக் குறிச்ச நேரம். எந்த நாள், எத்தனை மணிக்கு வரலாம்?"

"இதோ இருக்கிறாரே அப்பா. எப்போதும் வரலாம். தேநீர் குடியுங்கள்."

"எப்போதும் எண்டால் எத்தனை மணி?"

மகள் தகப்பனைப் பார்த்தாள். தகப்பன் கோழியைப் பார்த்தார். விருந்தாளியின் மனம் நோகக்கூடாது என்று செவ்வாய்க்கிழமை பத்து மணி என்றார்கள். செவ்வாய் பத்துக்குத் தம்பித்துரை சப்பாத்தைத் துடைத்துப் போட்டுக்கொண்டு போனால் தலைவர் இல்லை. வெயிலில் விருந்தாளி நடக்கலாமோ என்று அவர் தம்பித்துரை வீட்டுக்குப் போய்விட்டார். அங்கே ஸ்வர்ணா மத்தியானம் இல்லை, காலை இல்லை, கிரைண்டரைப் போட்டபடி இருந்தாள். சத்தம் கேட்டு அயல் பெண்கள் தங்கள் தேங்காயோடு வந்து வரிசையில் நின்றார்கள். இடி விழவில்லை. ஸ்வர்ணாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

தம்பித்துரைக்குத்தான் நித்திரை வரவில்லை. விடியமுன்னம் ஊரே கூட்டித் துப்புரவாய்க் கிடக்கும். ஆனால் யாருடைய முறை? யார் பார்வையிட்டது? கேட்டால் எல்லாரும் சிரித்தார்கள். சேவல்களுக்கும் நேரகாலம் இல்லை. மனம் பொறுக்காமல் தலைவரிடம் போனார்.

"குறையாச் சொல்லேல்லை. ஆனாலும் சின்னச்சின்ன ஒழுங்குகள் இருந்தால் நல்லது."

தலைவர் ஊரைக் கூட்டினார். அமைதி தேடிப் பாதி உலகம் சுற்றி வந்த மனிதருக்கு அமைதியை எப்படிச் செய்கிறது என்று தெரியாமல் இருக்குமோ? ஊர் ஏகமனதாக ஏற்றுக்கொண்டது. மத்தியானம் அமைதி நேரம் வந்தது. தெர்மின் வந்தது. தெர்மினுக்கு விண்ணப்பம் வந்தது. ஸ்டுட்கார்ட் வீட்டை விற்றுத் திரும்பி வரவென்று புறப்படுகிற நாளில் தம்பித்துரை பலாப்பலகை ஒன்றைத் தன் கையாலேயே அறுத்துத் துளை போட்டுத் தலைவரின் கதவில் தொங்கவிட்டார். சனம் கைதட்டியது. அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

ஸ்டுட்கார்ட்டுக்கு வந்ததும் வீட்டை ஆரூரன் என்ற பெடியனுக்கு விற்றார். நொத்தாரிசு சட்டப்படி ஒப்பந்தத்தை முதலில் இருந்து கடைசிவரை உரத்து வாசிக்க, தம்பித்துரை கையெழுத்து வைத்தார். ஃபிராவ் ஹேகலேயைப் படியில் மறித்து, ஜாவாப் படங்களையும் தான் செய்த ஒழுங்குகளையும் வேண்டுமென்றே விளக்கமாய்க் காட்டினார். மனுசி ஊரின் விலாசத்தை மட்டும் கேட்டது.

சாமான் கட்டி முடித்து, வருகிற திகதியைச் செய்தியாய் அனுப்பினார். மறுநாள் காலை தலைவரின் மகள் தொலைபேசியில் வந்தாள். குரல் குசுகுசுவென்று கேட்டது.

"அங்கிள், உங்கள் செய்தியை விண்ணப்பமாக ஏற்றுக்கொண்டோம். அடுத்த வருஷம் மார்ச்சில் தெர்மின் இருக்கிறது."

"பிள்ளை, நான் தம்பித்துரை! எப்பவும் வரலாமெண்டு அப்பா சொன்னவரெல்லோ?"

"அது பழைய ஒழுங்கு. நீங்கள்தானே மாற்றினீர்கள்?"

"அப்பாட்டைக் குடும்."

"இங்கே மத்தியானம், அமைதி நேரம். மூன்று மணிவரை அப்பா கதைக்கமாட்டார். அன்ரியின் கிரைண்டருக்குத் தனி விண்ணப்பம் வேண்டும், அங்கிள். அயலவர் எல்லாரும் சம்மதிக்க வேண்டும்."

"அவையள் வரிசையில நிண்டு அரைச்சவை!"

"அதைத்தான் விசாரிக்கிறோம்."

தம்பித்துரை படியில் வந்து இருந்தார். மேலே வந்த ஃபிராவ் ஹேகலே என்னவென்று விசாரித்தது. விஷயத்தைக் கேட்டதும் அதன் முகம் மலர்ந்துபோனது. முப்பது வருஷத்தில் அந்த முகம் மலர்ந்ததை அவர் கண்டதில்லை.

"ஓ, அந்த ஊரா! அற்புதமான ஊர். நான் படங்களைப் பார்த்த அன்றே பத்திரங்களின் பிரதிகளோடு விண்ணப்பித்தேன். வியாழக்கிழமை எனக்குத் தெர்மின். நீங்கள் நேரத்துக்கு விண்ணப்பிக்கவில்லையா, ஹெர் தம்பித்துரை?"

மனுசி வியாழனுக்கு முதலே பறந்துவிட்டது. போகமுன்னம், தான் இல்லாத கிழமைகளுக்கும் சேர்த்து, பலகையைத் தம்பித்துரையின் கதவில் கொழுவிவிட்டுப் போனது. ஆரூரன் நல்ல பெடியன். "அங்கிள் பாவம்" என்று அந்த வீட்டையே அவருக்கு வாடகைக்குக் கொடுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஸ்வர்ணா பெட்டியை அவிழ்த்துக் கிரைண்டரை எடுத்தாள். தேங்காய்ச் சொட்டைப் போட்டாள்.

"இஞ்சருங்கோ, கீழ ஒருத்தரும் இல்லை! ஜாவா எங்கட வீட்டுக்கே வந்திட்டுது!"

கிரைண்டர் இரைந்தது. தம்பித்துரை காதைக் கொடுத்தார். கீழே இருந்து ஒரு சத்தமும் இல்லை. மணிக்கூட்டைப் பார்த்தார். எழும்பினார், இருந்தார், திரும்ப எழும்பினார்.

"ஸ்வர்ணா... மணி ஒண்டு தாண்டிட்டுது."

"அதுக்கு?"

அவரால் ஏலாமல் போனது. மூலையில் நின்ற தும்புத்தடியை எடுத்து, தன் காலடி நிலத்தில் தானே மூன்று தரம் இடித்தார்.

ஸ்வர்ணா பழக்கதோஷத்தில் கிரைண்டரை நிற்பாட்டினாள்.