ஓபர்மோஸில் அறுபத்தொரு கை

"முறைப்பாட்டை ஆராவது பதிவுத் தபாலிலை அனுப்புவினமோ?" என்று மனைவி பிரபாலினி கேட்டபோது, குகநாதனின் கையில் இருந்த பாண் துண்டு கோப்பைக்கும் வாய்க்கும் நடுவில் நின்றுவிட்டது.

"ஆறு பத்து பஸ்ஸை நிப்பாட்டப் போறாங்களாம். நான் என்னெண்டு வேலைக்குப் போறது?"

"பஸ்ஸை விடுங்கோ. குடியுரிமைக்கு விண்ணப்பம் குடுத்தது திங்கக்கிழமை. முறைப்பாடு போட்டது வியாழக்கிழமை. ரெண்டும் ஒரே மேசைக்குத்தான் போகும். பொம்பிளை கேட்டுப் போன வீட்டிலை தேத்தண்ணிக்குச் சீனி காணாது எண்டு சொன்ன மாதிரிக் கிடக்கு."

குகநாதன் பாணைக் கோப்பைக்குள் போட்டுவிட்டார். அது ஊறி அடியில் போய்த் தங்கியது. அவருடைய மனமும் அப்படித்தான்.

ஓபர்மோஸ் சுவிஸ் மலைச்சரிவு ஒன்றில் கிடக்கும் ஊர். நூற்றுத் தொண்ணூறு மனிதர்களும் அதைவிடக் கூடுதலான மாடுகளும் இருந்தார்கள். வாடகை மலிவு என்று வந்த குகநாதன் பதின்மூன்று வருடமாக அங்கேயே தங்கிவிட்டார். விடிய ஆறு பத்துக்குப் பஸ் ஏறி, ரயில் மாறி, ஊஸ்டரில் உள்ள முதியோர் இல்லச் சமையலறைக்குப் போவார். வயது ஐம்பத்திரண்டு. அதில் இருபத்தேழு வருடம் இந்த நாட்டில் அனுமதி அட்டையோடு கழிந்திருந்தது. அட்டை முடிகிற வருடங்களில் அவருக்கு நித்திரையும் முடிந்துபோகும். இந்த முறை சிவப்புக் கடவுச்சீட்டை வாங்கிவிடுவது என்று முடிவெடுத்திருந்தார். பிரபாலினி புத்திசாலி. "முதல்ல நீங்கள் போய்ப் பாருங்கோ. உங்களைக் கடிக்காட்டில் நான் பிறகு வாறன்" என்று ஒதுங்கிக்கொண்டாள்.

ஓபர்மோஸில் குடியுரிமைக்கு ஊர் சம்மதிக்க வேண்டும். ஊர்க்கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் கை உயர்த்தி வாக்களிப்பார்கள். தோற்றால், இல்லை என்று கை உயர்த்தியவர்களோடுதான் மறுநாள் ஆறு பத்து பஸ்ஸில் போக வேண்டும். அந்த பஸ்ஸும் இருந்தால்.

திங்கட்கிழமை ஊர்ச்சபையில் இருந்து கடிதம் வந்தது. 'உங்கள் முறைப்பாடு தொடர்பாகச் செவ்வாய் மாலை ஏழரை மணிக்குச் சமுகமளிக்கவும்.'

"விசாரணை" என்றார் குகநாதன்.

"போய் மன்னிப்புக் கேளுங்கோ" என்றாள் பிரபாலினி.

மன்னிப்புக் கேட்கிறவன் பிந்திப் போகக்கூடாது என்று பத்து நிமிடம் முந்திப் போனார். மண்டபத்தைக் கூட்டிப் பெருக்கும் கிழவர் அலோயிஸ், இடுப்பில் சாவிக்கொத்து குலுங்கக் கதவைத் திறந்துவிட்டார். உள்ளே ஒரு நீண்ட மேசையும் ஆறு கதிரைகளும் இருந்தன. குகநாதன் ஓரக் கதிரையில் மெல்ல உட்கார்ந்தார். சபைத் தலைவர் ஹூபர் இரண்டு உறுப்பினர்களோடும், கூட்டக் குறிப்பு எழுதுகிற ஷ்டைனர் அம்மாவோடும் உள்ளே வந்தபோதுதான், சுவரோரம் விருந்தினருக்கென்று ஒரு வாங்கு கிடப்பது அவர் கண்ணில் பட்டது. தான் ஏறி இருப்பது உறுப்பினரின் கதிரை!

பாதி எழும்பினார்.

"இருங்கள், இருங்கள்!" என்றார் ஹூபர், தேவைக்கு மேல் அவசரமாக. எழுபத்தொரு வயது விவசாயி. கைகள் இரண்டும் மண்வெட்டி மாதிரி. அவர் மற்றவர்களைப் பார்த்தார். மற்றவர்கள் அவரைப் பார்த்தார்கள். ஷ்டைனர் அம்மா கொப்பியில் எதையோ எழுதி, அதன் கீழே கோடும் போட்டார்.

"அந்தக் கடிதத்தை நீங்களேதான் எழுதினீர்களா?" என்று ஹூபர் கேட்டார். "இரண்டு பக்கம். நேர அட்டவணையும் இணைத்து."

"மன்னிக்கவும்" என்றார் குகநாதன்.

"நீங்களாகவே?"

"மன்னிக்கவும்."

ஷ்டைனர் அம்மா மறுபடியும் கோடு போட்டார். அடுத்த செவ்வாயும் வரச் சொன்னார்கள்.

வீட்டுக்குப் போகும் வழியிலேயே குகநாதன் வில் நகரத்தில் இருந்த தயாபரனுக்கு அழைப்பெடுத்தார். தயாபரன் மூன்று தமிழ்ச் சங்கங்களின் முன்னாள் தலைவன். மூன்றாவது சங்கம் இரண்டாவதில் இருந்து உடைந்தது. இரண்டாவது முதலாவதில் இருந்து உடைந்தது. உடையாமல் இருந்த காலமெல்லாம் குகநாதன்தான் செயலாளர். கதிரைகள் பறக்கும்போது மேசைக்குக் கீழே இருந்து கூட்டக் குறிப்பு எழுதிய அனுபவம் அவருக்கு உண்டு.

"கதிரையிலையோ இருந்தனீ?" தயாபரனின் குரல் உயர்ந்தது. "டேய், மனிசன் பொண்டாட்டியை விட்டாலும் கதிரையை விடமாட்டான். என்ரை கதிரையிலை தெரியாமல் இருந்தவனோடை நான் நாலு வருசம் கதைக்கேல்லை!"

"அவங்கள் இருக்கத்தான் சொன்னவங்கள்."

"அதுதான் பயமாக் கிடக்கு. வெள்ளைக்காரன் சிரிச்சுக்கொண்டுதான் வெட்டுவான். அடுத்த முறை ஏதும் தின்னக் கொண்டு போ. வாயை மட்டும் திறவாதை."

அடுத்த செவ்வாய் குகநாதன் நாற்பது ரோல்ஸ் கொண்டுபோனார். இந்தத் தடவை வாங்கில் உட்காரப் பார்த்தார். வாங்கைக் காணவில்லை. "திருத்தக் கொடுத்திருக்கிறோம்" என்று ஹூபர் யன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். வேறு வழியில்லாமல் அதே கதிரை. பக்கத்துக் கதிரைக்குப் போன செவ்வாய் போலவே அன்றைக்கும் ஒருவரும் வரவில்லை.

பஸ் விசயம் வருவதற்குள் தண்ணீர்த்தொட்டி விசயம் வந்துவிட்டது. தொட்டியை மேலூரில் கட்டுவதா, கீழூரில் கட்டுவதா? இரண்டு உறுப்பினர்களும் முதலில் இருமினார்கள், பிறகு குரலை உயர்த்தினார்கள், பிறகு ஒருவருடைய தகப்பனின் மாடு மற்றவருடைய தகப்பனின் வேலியை எந்த வருடத்தில் பிரித்தது என்பதற்குப் போய்விட்டார்கள். ஹூபர் கண்ணை மூடிக்கொண்டார். அவர் செபிக்கிறாரா, நித்திரையா என்று தெரியவில்லை.

குகநாதன் வாயைத் திறக்கக்கூடாது என்றுதான் இருந்தார். ஆனால் பதினொரு வருடம் செயலாளராக இருந்த வாய் அது. ஒருவர் மேசையில் கை ஊன்றி எழும்பியதும், குகநாதனைக் கேட்காமலே வாய் திறந்துகொண்டது.

"இதை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைப்போம். இரண்டு தரப்பும் தங்கள் கருத்தை எழுத்தில் தரட்டும். இப்போது ரோல்ஸ் ஆறுகிறது."

எழும்பியவர் உட்கார்ந்தார். ஒரு ரோல்ஸை எடுத்துக் கடித்தார். மற்றவருக்கும் ஒன்றை நீட்டினார். எட்டே காலுக்குக் கூட்டம் முடிந்தது. சுவர் மணிக்கூட்டைப் பார்த்த ஷ்டைனர் அம்மா அது ஓடுகிறதா என்று அலோயிஸிடம் கேட்டார். பிறகு நால்வரும் குகநாதனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"முடிஞ்சுது" என்று வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றாமலே சொன்னார். "அவங்கட கூட்டத்தை நான் முடிச்சு வச்சிட்டன்."

பிரபாலினி தலையில் கை வைத்தாள். "விருந்துக்குப் போன இடத்திலை பந்தியை எழுப்பி விட்டிட்டு வந்திருக்கிறீங்கள்."

மிஞ்சியிருந்தது நேர்முகம். அதிலாவது பிழைவிடக்கூடாது என்று இரவு பகலாகப் படித்தார். ஏரிகளின் பெயர், மலைகளின் உயரம், கூட்டாட்சி, கன்ரோன் என்கிற மாநிலங்கள், எல்லாம். கன்ரோன் சட்டத்தில் ஒரு வரியைப் பிரபாலினி உரத்து வாசித்தாள்.

"'ஊர்ச்சபைக்குத் தெரிவானவர் அறுபது வயதுக்கு உட்பட்டவராயின் பதவியை மறுக்க முடியாது.' மறுக்கிறதோ? பதவியையோ? தயாபரன் அண்ணைக்கு இதைக் காட்டுங்கோ, சிரிச்சே செத்துப்போவார்."

இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். அந்த மாதம் முழுவதிலும் அவர்கள் சிரித்தது அந்த ஒரு தரம்தான்.

நேர்முகத்தில் ஏரியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

"உங்களுக்கு ஐம்பத்திரண்டுதானே? ஐம்பத்தொன்பது இல்லையே?" என்று ஹூபர் தொடங்கினார்.

"ஐம்பத்திரண்டு."

"இரத்த அழுத்தம்? இருதயம்?"

"இதுவரை இல்லை" என்றார், இருதயம் காதுக்குள் அடிக்க.

"செவ்வாய் மாலைகளில் வேலை உண்டா?"

"இல்லை."

"ஊஸ்டருக்குக் குடிபோகிற எண்ணம்?"

"இல்லை, இல்லை!"

"வசைக் கடிதம் வந்தால் மனம் உடைந்துபோவீர்களா?"

குகநாதனுக்கு விளங்கிவிட்டது. நிராகரிப்புக் கடிதத்துக்கு இப்போதே மனதைத் தயார்ப்படுத்துகிறார்கள்! உடம்பு தாங்குமா என்றும் கேட்டுவிட்டார்கள். நல்ல மனிதர்கள்.

"பழக்கம்தான்" என்றார் ஈனக் குரலில்.

ஷ்டைனர் அம்மா மூன்று கோடு போட்டார்.

ஊர்க்கூட்டத்துக்கு முதல் நாள் குகநாதன் ஒரு முடிவுக்கு வந்தார். ஊரே கூடித் துரத்துவதற்கு முன் தானாக இறங்கிவிடுவது. விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுவதாக ஒரு கடிதம் எழுதி, ஹூபரின் மாட்டுத் தொழுவத்துக்குக் கொண்டுபோய் நீட்டினார். ஹூபர் வைக்கோல் வாரியைச் சுவரில் சாத்திவிட்டு வாசித்தார். அந்தச் சிவந்த முகம் பால் மாதிரி வெளுத்தது.

"திரும்பப் பெறுவதா? முடியாது."

"தயவுசெய்து..."

"ஊருக்கே அறிவித்தாயிற்று!" ஹூபர் கடிதத்தை நாலாக மடித்துத் தன் ரப்பர் சப்பாத்துக்குள் செருகினார். "நான் இதைப் பார்க்கவில்லை. நாளை ஏழரைக்கு வாருங்கள். வராவிட்டால் நானே வந்து கூட்டிக்கொண்டு போவேன்."

ஒரு மாடு திரும்பிக் குகநாதனைப் பார்த்தது. இரக்கமாகப் பார்த்ததாகவே அவருக்குப் பட்டது.

வழக்கமாக ஊர்க்கூட்டத்துக்கு இருபது பேர் வந்தால் அதிகம். மறுநாள் மண்டபத்தில் கதிரை போதவில்லை. காலில் மாவுக்கட்டுப் போட்ட ஒருவரை இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்தார்கள். பாற்கட்டிக் கடைக்காரி கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தாள்.

"இவ்வளவு சனமோ?" பிரபாலினி அவருடைய சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு ஆளை வேண்டாம் எண்டு சொல்ல ஏன் இவ்வளவு கை?"

"விண்ணப்பதாரர் வெளியே நிற்கவும்" என்றார் ஹூபர்.

வெளியே தாழ்வாரத்தில் மாட்டியிருந்த ஈரக் குடைகளுக்கு நடுவே குகநாதன் நின்றார். பக்கத்தில் பிரபாலினி வாய்க்குள் தேவாரம் சொன்னாள். அலோயிஸ் ஒரு முக்காலியில் இருந்து சாவிகளை எண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். கதவுக்கு அப்பால் கதிரைகள் அரக்கும் சத்தம், பிறகு ஒரு நிசப்தம். இருபத்தேழு வருடமும் அந்த நிசப்தத்துக்குள் வந்து நின்றது போல் அவருக்கு இருந்தது. எந்த அலுவலகத்திலும் அவருக்குப் பின்னால் கதவு மூடியிருக்கிறது. மூடிய கதவு தனக்காகத் திறப்பதை அவர் கண்டதில்லை.

கதவு திறந்தது. கைதட்டல் வந்து மோதியது.

"அறுபத்தொன்று!" என்று கத்தினார் ஹூபர். "அறுபத்தொன்றுக்கு அறுபத்தொன்று! எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை!"

பிரபாலினி பிடித்திருக்காவிட்டால் குகநாதன் குடைகளுக்கு மேல் விழுந்திருப்பார். மாவுக்கட்டுக்காரர் கட்டுக் காலை ஆட்டி வாழ்த்தினார். தண்ணீர்த்தொட்டிக்குச் சண்டை பிடித்த இருவரும் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். ஹூபர், பிள்ளை பிறந்தாலும் கை மட்டுமே குலுக்குகிற மனிதர், ஓடிவந்து குகநாதனைக் கட்டிக்கொண்டு அழுதார். குகநாதனும் அழுதார். ஆனால் ஹூபர்தான் கூடுதலாக அழுதார்.

"என் மனைவி இருபது வருடமாகக் கடல் பார்க்க வேண்டும் என்கிறாள்" என்று தேம்பினார். "கடவுள் உங்களை ஆசீர்வதிக்கட்டும்."

கடலுக்கும் கடவுச்சீட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று குகநாதன் யோசிக்கவில்லை. சனம் உள்ளே வைன் போத்தல்களைத் திறக்கப் போய்விட்டது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மனைவியிடம் திரும்பினார்.

"பாத்தீரோ? நாங்கள்தான் இவங்களைப் பிழையா நினைச்சிட்டம். ஒருத்தராவது கையைக் கீழை வச்சிருக்கேல்லை. என்ன மாதிரிச் சனம்!"

"ஓம்" என்று மூக்கை உறிஞ்சினாள் பிரபாலினி. "நானும் நாளைக்கே விண்ணப்பம் போடுறன்."

அலோயிஸ் முக்காலியில் இருந்து எழும்பி வந்தார். துடைத்த சாவிகளில் பெரியதொன்றைக் கழற்றிக் குகநாதனின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடித்துவிட்டார்.

"பேர்னில் இருந்து உங்கள் கடதாசி வர ஒன்பது மாதமாகும், அதனால் சபைத் தேர்தலை அதற்கு அடுத்த மாதத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள், மண்டபச் சாவியை இப்போதே பிடியுங்கள், தலைவரே."