பக்கத்தில் ஓர் ஆள் இடம்

வெளிநாடு போய்வந்த ஒருவர் "ரெண்டே ரெண்டு ஃபோட்டோ காட்டறேன்" என்று கைப்பேசியை எடுத்தால், உடனே அந்த இடத்தை விட்டு எழுந்துவிட வேண்டும். ரெண்டு என்பது இருநூறு ஆகும். அதில் நூற்றைம்பதில் அவர் நிற்பார், மீதி ஐம்பதில் அவர் சாப்பிட்ட தட்டு இருக்கும். இதை அனுபவத்தில் சொல்கிறேன். பட்ட அனுபவம் இல்லை, மற்றவர்களைப் படுத்திய அனுபவம். நான் காட்டிய படங்களைப் பார்த்து ஏற்காட்டில் ஒரு பெண் ஒப்பாரியே வைத்திருக்கிறாள். (மிகையாகச் சொல்லவில்லை. மூக்கைச் சிந்தி, மார்பில் அடித்துக்கொண்டு, நிஜமான ஒப்பாரி.)

நான் நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் முப்பத்திரண்டு வருஷம் ரைட்டராக இருந்தவன். காலையில் வேலைக்கு வந்தவர்களின் பேரை எழுதுவதும், வராதவர்களைத் திட்டுவதும் என் தொழில். சேலத்துக்குப் போனாலே எப்போது மலை ஏறுவோம் என்று தவிக்கிற ஆள். வெளிநாட்டு ஆசையெல்லாம் எனக்குக் கிடையாது. ஆசை முழுவதும் என் மனைவி ரெஜினாவுடையது.

ரெஜினா மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் டீச்சர். ஐரோப்பாவின் வரைபடத்தைப் புத்தகம் பார்க்காமல் கரும்பலகையில் போடுவாள். எல்லாவற்றையும் வெள்ளைச் சாக்பீஸில் போட்டுவிட்டு, ரைன் நதிக்கு மட்டும் கைப்பையிலிருந்து நீலச் சாக்பீஸை எடுப்பாள். வருஷத்துக்கு ஒருமுறை அந்த ஆற்றை மேலிருந்து கீழ்வரை இழுத்துவிட்டு, வகுப்பில் யாராவது "நீங்க பாத்திருக்கீங்களா டீச்சர்?" என்று கேட்டால், "இன்னும் இல்ல கண்ணு" என்பாள். அந்த "இன்னும்" முப்பது வருஷம் ஓடியது.

அவள் ஓய்வு பெற்றதும் ஒரு சுற்றுலாக் கும்பலோடு இருபத்திரண்டு நாள், ஒன்பது நாடு என்று ஏற்பாடு செய்தோம். விசா வந்தது. ஸ்வெட்டர் வந்தது. புறப்பட இரண்டு வாரம் இருக்கும்போது, வீட்டுக்குப் பின்னால் காப்பி காயவைக்கிற களத்தில் ரெஜினா வழுக்கி விழுந்தாள். வலது கால் இரண்டு இடத்தில் உடைந்தது. சேலத்தில் ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள்.

நானும் போகவில்லை என்றேன். அவள் கட்டிலில் படுத்தபடியே முறைத்தாள்.

"ஏனுங்க, ரெண்டு பேரும் போகாம இருந்தா ஆத்தை யாருங்க பாக்கறது? நீங்க போயிட்டு வாங்க. வந்து எனக்குச் சொல்லுங்க. ஃபோட்டோ எடுக்கறப்ப பக்கத்துல ஒரு ஆளு எடம் உட்டு நில்லுங்க. நான் அங்க நிக்கறதா நெனச்சுக்கறேன்."

அவள் தம்பி மனைவி துணைக்கு வந்து தங்கினாள். நான் புறப்பட்டேன். ரெஜினா சொன்னது இவ்வளவுதான்: நெனச்சுக்கறேன். நான் புரிந்துகொண்டது வேறு. முப்பத்திரண்டு வருஷம் துரைகளின் உத்தரவை வாங்கிப் பழகியவனுக்கு எதைச் சொன்னாலும் உத்தரவாகத்தான் காதில் விழும்.

ஒன்பது நாட்டிலும் நான் ஒரு ஆள் இடம் விட்டு நின்றேன். படம் எடுத்துத் தரச் சொல்லிக் கும்பலில் யாரிடமாவது கைப்பேசியைக் கொடுப்பேன். அவர்கள் "நடுவுல வாங்க சார்" என்பார்கள். "இல்லைங்க, இது சரியா இருக்கு" என்பேன். ஈஃபில் கோபுரத்தின் முன்னால் கோயம்புத்தூர் அம்மா ஒருவர் பாவப்பட்டு என் பக்கத்தில் வந்து நின்றுவிட்டார். நான் பதறி, "கொஞ்சம் நகருங்கம்மா, அங்க ஆளு இருக்காங்க" என்றேன். அவர் தன் பக்கத்தில் இருந்த காற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நகர்ந்து போய்விட்டார். மறுநாளிலிருந்து காலைச் சாப்பாட்டில் என் மேஜைக்கு யாரும் வரவில்லை.

தினமும் அவளுக்குப் படங்களை அனுப்பிவிட்டு, "எடம் போதுமா?" என்று ஃபோனில் கேட்பேன். "நான் என்ன லாரியா? இன்னும் கொஞ்சம் கிட்ட நில்லுங்க" என்பாள். நெட் சரியாக இல்லாததால் பாதிப் படம் அவளுக்குப் போய்ச் சேரவே இல்லை. நானும் விடாமல் இடம் விட்டு நின்றுகொண்டே இருந்தேன். ஐந்தாறு நாளில் எனக்கு அந்த வெற்றிடம் பழகிவிட்டது. பஸ்ஸில் ஜன்னல் பக்கத்தைக் காலியாக விட்டு உட்கார்ந்தேன். சுவிட்சர்லாந்தில் சூப் வாங்கி இரண்டு ஸ்பூன் கேட்டேன். சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது, நான் அவளை நினைத்து ஏங்கிப்போனேன். கல்யாணமான புதிதில்கூட அப்படி ஏங்கியதில்லை. (அப்போது எஸ்டேட்டில் பழம் பறிக்கிற பருவம், நேரம் இல்லை.)

இதோடு ஊர் திரும்பியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. எனக்குத்தான் யோசனை வந்தது. நினைத்துக்கொள்வது எதற்கு, நிஜமாகவே அவளை அந்த இடத்தில் நிற்க வைத்துவிட்டால் என்ன?

ஏற்காடு டவுனில் மணி என்கிற ஸ்டுடியோக்காரர் இருந்தார். தனியாக இருக்கிற படத்தை வெட்டி இன்னொரு படத்தில் சேர்ப்பதில் கெட்டிக்காரர். அவரிடம் படங்களைக் கொடுத்தேன். ரெஜினாவின் முழு உருவப் படம் ஒன்று வேண்டும் என்றார். வீடு முழுக்கத் தேடினேன். எந்தப் படத்திலும் அவள் தனியாக இல்லை, எல்லாவற்றிலும் யாருக்காவது பரிமாறிக்கொண்டிருந்தாள். தேறியது ஒன்றே ஒன்று. வாழவந்தியில் என் தங்கை மகள் கல்யாணத்தில், வாசலில் பட்டுப்புடவையோடு நின்று, கற்கண்டும் ரோஜாவும் வைத்த தட்டை நீட்டி வருகிறவர்களை வரவேற்கும் படம்.

"தட்டை எடுத்தாக் கையும் போயிருமுங்களே" என்றார் மணி.

"இருந்துட்டுப் போகட்டுங்க. எல்லாத்துலயும் எம் பக்கத்துல அவ நிக்கோணும், அவ்வளவுதான்."

"சம்சாரங்களா?"

"ஆமாங்க, ரெஜினா டீச்சரு. நொம்ப ஆசைப்பட்டா. விசாகூட வந்துருச்சு. கடைசி நேரத்துல இப்படி ஆயிப்போச்சு." சொல்லும்போதே எனக்குக் காலியான ஜன்னல் சீட்டு ஞாபகம் வந்தது. ஸ்டுடியோ நாற்காலியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

மணி எழுந்து போய் ரேடியோவை நிறுத்தினார். தேநீர் வாங்கி வந்து கையில் கொடுத்தார்.

"எப்படிங்க ஆச்சு?"

"களத்துல வழுக்கி உழுந்துட்டாளுங்க."

"அடக் கடவுளே. எத்தன நாளாச்சுங்க?"

"ரெண்டு மாசமாச்சு."

"மனச உட்றாதீங்க ரைட்டரே. இத நானே உக்காந்து நல்லாச் செஞ்சு தர்றேன். நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

ஒரு கால் உடைந்ததற்கு இவ்வளவு இரங்குகிற மனிதர் உண்டா என்று நெகிழ்ந்துபோய் வீடு வந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சர்ச் ஹாலில் படக்காட்சி. திரைக்கு ஒரு வெள்ளை வேட்டி. கம்ப்யூட்டரை இயக்க என் மச்சினன் டேவிட். கிளியூர், வாழவந்தி உறவுகள், எஸ்டேட் ஆட்கள், ரெஜினாவிடம் படித்தவர்கள் என்று ஹால் நிறைந்துவிட்டது. ரெஜினா முன்வரிசையில், காலைத் தூக்கி எதிரே ஒரு ஸ்டூலில் வைத்து, மடியில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு ஊரைப் பற்றியும் கேட்கக் கேள்விகள் எழுதி வைத்திருந்தாள். அதைப் பார்த்ததும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. மணி கொடுத்த பென்டிரைவை நான் முன்கூட்டிப் பார்க்கவே இல்லை. எல்லோரோடும் சேர்ந்து ஆச்சரியப்படலாம் என்று இருந்தேன்.

ஆச்சரியப்பட்டேன்.

முதல் படம் ஈஃபில் கோபுரம். நான் ஓரமாக நிற்கிறேன். பக்கத்தில் என்னைவிட ஒன்றரை அடி உயரமாக, பட்டுப்புடவையில், ரெஜினா கற்கண்டுத் தட்டை நீட்டுகிறாள். ஹாலில் யாரோ ஒருவர், "ஏனுங் டீச்சர், அங்கயும் உங்களையே வாசல்ல நிறுத்திட்டாங்களா?" என்றார். சிரிப்பு வெடித்தது. அடுத்தது சாய்ந்த கோபுரம், கற்கண்டுத் தட்டு. அடுத்தது ஆல்ப்ஸ் மலை, முழங்கால் உயரத்துக்குப் பனி, நான் இரண்டு ஸ்வெட்டரில் நடுங்குகிறேன், ரெஜினா வெறுங்காலோடு தட்டை நீட்டிக்கொண்டிருக்கிறாள்.

திரும்பி அவளைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. நோட்டுப் புத்தகத்தை மூடி வைத்திருந்தாள். அவள் பார்க்க வந்தது மலையை. மலை முழுக்க அவளே நின்றிருந்தாள்.

கடைசியாக ரைன் நதி வந்தது. மணி தன் வித்தை மொத்தத்தையும் அந்தப் படத்தில்தான் இறக்கியிருந்தார். ரெஜினாவின் தலையைச் சுற்றி ஒளிவட்டம். ஒரு மூலையில் எரியும் மெழுகுவர்த்தி, மறு மூலையில் வெள்ளைப் புறா. கீழே கொட்டை எழுத்தில், "ஆண்டவரில் இளைப்பாறும் என் அன்பு மனைவி ரெஜினா டீச்சர் நினைவாக."

அந்த நேரம் பார்த்து நாகலூர் பஸ்ஸில் வந்து இறங்கிய பவுனு, எங்கள் எஸ்டேட்டில் பழம் பறித்தவள், ஹால் வாசலில் நின்று திரையைப் பார்த்தாள். அவ்வளவுதான். "எங்கள உட்டுட்டுப் போயிட்டீங்களே டீச்சரம்மா" என்று வாசலிலேயே உட்கார்ந்து குரலெடுத்தாள்.

ரெஜினா திரும்பினாள். எட்டாம் வகுப்பை அடக்கிய அதே குரலில், "பவுனு, நான் இங்கதான் இருக்கேன். சத்தம் போடாம வந்து உக்காரு" என்றாள்.

பவுனு அப்போதும் நம்பவில்லை. அருகே வந்து ரெஜினாவின் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் அழுகையை நிறுத்தினாள். எனக்குத் திரையாக இருந்த வேட்டியை உருவித் தலையில் போட்டுக்கொண்டு ஓடலாம் போலிருந்தது. அதற்குள் பின்வரிசையிலிருந்து மணி கையைக் கூப்பிக்கொண்டு முன்னால் வந்தார். தன் வேலையை ஊர் பாராட்டுவதைக் கேட்க வந்திருந்தார் போல.

"டீச்சர், என்னை மன்னிக்கோணும். எங்கிட்ட இந்த மாதிரி சேக்கச் சொல்லி வர்றவங்க எல்லாம் ஆளைப் பறிகுடுத்தவங்கதானுங்க. ரைட்டரும் வந்து உக்காந்து தேம்பித் தேம்பி அழுதாருங்க. காலு ஒடஞ்சதுக்கு யாருங்க அப்படி அழுவாங்க?"

ஹால் முழுவதும் என்னைப் பார்த்தது. முப்பத்திரண்டு வருஷம் நான் விரட்டி வேலை வாங்கிய ஆட்கள் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தார்கள். ரெஜினாவும் பார்த்தாள். அவள் கோபத்தை எதிர்பார்த்துத் தலைகுனிந்தேன். பிறகு, "அழுதீங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள். "டேவிட், லைட்டப் போடு. எல்லாரும் டீ குடிங்க."

வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்டது இது: "என்னை ஒட்டாத படமெல்லாம் வெச்சிருக்கீங்களா?"

கைப்பேசியில் இருந்தது. காட்டினேன். காலி இடத்தோடு இருந்த படங்களை ஒவ்வொன்றாக வெகுநேரம் பார்த்தாள். ரைன் நதியில் வந்து நின்றாள்.

"நீங்க நின்ன எடத்துல இந்த ஆறு எந்தப் பக்கம் ஓடுச்சுங்க?"

யோசித்தேன். தெரியவில்லை.

"தண்ணி என்ன நெறமுங்க?"

அதுவும் தெரியவில்லை.

"எப்படித் தெரியும்? எல்லாப் படத்துலயும் நீங்க ஆத்துக்கு முதுகக் காட்டித்தான நிக்கறீங்க" என்றாள். திட்டாமல்தான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்று குத்தியது. அவளுக்காகப் பார்த்துவரப் போனவன், ஒன்பது நாட்டையும் முதுகுக்குப் பின்னால் வைத்து, பக்கத்தில் இருந்த காலி இடத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். நோட்டில் அவள் எழுதி வைத்திருந்த நாற்பது கேள்வியில் எனக்கு மூன்றுக்குத்தான் பதில் தெரிந்தது. அதில் ஒன்று சூப்பைப் பற்றியது.

அதன் பிறகு அவளே ஆரம்பித்தாள். படத்தை விரலால் பெரிதாக்கி, என் தோளுக்கு மேலே தெரிகிற படகின் பின்னால் அலை எப்படி விரிகிறது என்று பார்த்து, படகில் இருக்கும் கொடியைப் பார்த்து, பழைய அட்லஸை எடுத்து வைத்துக்கொண்டு, ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று நான்கு நாளில் கண்டுபிடித்தாள். ஒரு தெருப்பலகையை வைத்து நான் நின்ற தெருவைச் சொன்னாள். கடிகாரக் கோபுரத்தை வைத்து நான் நின்ற நேரத்தைச் சொன்னாள். ஆறு வருஷமாக இது நடக்கிறது. இப்போது வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தப் பயணத்தைப் பற்றிச் சொல்வது அவள்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்து, "அப்படியா?" என்று கேட்டுக்கொள்கிறேன். "நீங்க எப்ப டீச்சர் போனீங்க?" என்று புதியவர்கள் கேட்டால், "போனது இவருங்க, பாத்தது நானு" என்பாள். எங்கள் சொந்தத்தில் இப்போது யார் எந்த ஊருக்குப் போனாலும் "ரைட்டரு மாதிரி போயிட்டு மட்டும் வராதீங்க, பாத்துட்டும் வாங்க" என்று சொல்லித்தான் வழியனுப்புகிறார்கள். பவுனு மட்டும் இன்றைக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தால், முதலில் ரெஜினாவின் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவாள்.

எல்லாம் கண்டுபிடித்தவளுக்கு ஒன்று மட்டும் படத்தில் கிடைக்கவில்லை. "பனியக் கையில எடுத்துப் பாத்தீங்களா?" என்று ஒருநாள் கேட்டாள். இல்லை என்றேன். அப்போது கையில்தான் கைப்பேசி இருந்ததே. அவள் ஜன்னல் வழியாகப் பனிமூட்டம் சில்வர் ஓக் மரங்களுக்குள் நுழைவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உபயோகிக்காமலே காலாவதியான அவள் விசா இன்னும் பீரோவில் இருக்கிறது.

போன மாதம் மனசு கேட்காமல், "உன் காலு இப்பப் பரவால்லையே ரெஜி, மறுபடி விசாவுக்கு எழுதிப் போடலாமா? ரெண்டு பேரும் போலாம்" என்றேன்.

அவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படத்தைப் பெரிதாக்கினாள்.

"இருங்க, நீங்க போயிட்டு வந்ததையே நான் இன்னும் பாத்து முடிக்கல. இந்த ஓரத்துல ஒரு பொம்பள நிக்கறா பாருங்க, யாரையோ எதிர்பாத்துட்டு. அவ ஆளு வந்துச்சா?"

"தெரியலையே" என்றேன்.

"வந்துருக்கும்" என்றாள்.