இரண்டாவது கன்ட்ரோலர் குறித்துச் சம்பந்திக்கு

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் சம்பந்தியம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஞாயிற்றுக்கிழமை தாங்கள் சிரித்த சிரிப்பே அதற்குச் சான்று. நான் நலமில்லை. அதைக் கடிதத்தின் இறுதியில் சொல்வதுதான் நாகரிகம் என்றாலும், இறுதிவரை பொறுக்கும் நிலையில் இல்லாததால் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

தங்கள் வீட்டுக் கூடத்தில், தங்கள் குடும்பத்தார் அனைவரின் முன்னிலையில், நம் பேத்திக்குப் பெயர் வைக்கும் உரிமையை நான் இழந்தேன். தோல்வியைப் பற்றி இங்கே முறையிடவில்லை. தோற்றவர்களைப் பற்றிப் பாடம் நடத்தியே கல்லூரியில் சம்பளம் வாங்குகிறவன் நான். போர் வரலாறு என் துறை. எந்த மன்னன் எந்த ஆற்றை எந்தப் பருவத்தில் கடந்திருக்கக் கூடாது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். என் முறையீடு, தோற்ற விதத்தைப் பற்றியது.

நடந்தது தங்களுக்குத் தெரியும். வென்றவர் கண்ணுக்கு அது வேறு மாதிரி தெரிந்திருக்கும் என்பதால் முதலிலிருந்து எழுதுகிறேன். குழந்தைக்கு என் மறைந்த மனைவியின் பெயரை வைக்க நான் விரும்பினேன். பல் மருத்துவரான தாங்கள், ஏதோ பற்பசைப் பெட்டியில் பார்த்தது போல, வாயைத் திறப்பதற்குள் முடிந்துவிடும் ஒரு பெயரை விரும்பினீர்கள். பிரசவத்துக்குப் பின் மகள் என் வீட்டில் தங்கியிருந்த மாதங்களில், குழந்தையைப் பார்க்கத் தாங்கள் வரும்போதெல்லாம் இதே பேச்சு. குழந்தை பாப்பாவாகவே வளர்ந்தது. கடைசியில் மாப்பிள்ளைதான் பொறுக்காமல், "ரெண்டு பேரும் பேசியே எங்களைக் கொல்றீங்க. அப்பா டிவியில ஆடுற அந்தச் சண்டை கேம்ல மோதி முடிச்சுக்குங்களேன். ஜெயிச்சவங்க பேரு வைக்கட்டும்" என்றார். கிண்டலுக்குச் சொன்னார். தாங்கள் "நான் ரெடி" என்றீர்கள். அதன்பின் நான் எப்படிப் பின்வாங்குவது?

தங்கள் வீட்டில் இருக்கும் அதே விளையாட்டுக் கருவியை நானும் வாங்கினேன். மற்றவர்கள் பொத்தானைத் தட்டிப் பழகுவார்கள், நான் படித்தேன். அந்த விளையாட்டில் எவனும் தனியே வலியவனும் அல்லன், மெலியவனும் அல்லன். எதிரே நிற்பது யார் என்பதைப் பொறுத்தே எல்லாம் மாறுகிறது. இந்த உண்மை எனக்கு எவ்வளவு நிம்மதி தந்தது என்று சொல்லி முடியாது. இது என் துறையேதான். தாங்கள் எப்போதும் எந்த வீரரை எடுப்பீர்கள் என்று மகளிடம் விசாரித்தேன். "மாமாவா? எப்பவும் அந்தச் சடைக்காரிதான். நல்லா உதைக்கிறாளாம்" என்றாள். சடைக்காரிக்கு எதிராக யார் நிற்கலாம் என்று ஆராய்ந்து, மலை போன்ற மல்லன் ஒருவனைத் தேர்ந்தேன். சடைக்காரி பறந்து உதைப்பாள். அதைத் தடுத்துவிட்டால், தரையில் இறங்கியதும் ஒரு கணம் அவளால் ஒன்றுமே செய்ய முடியாது. அந்தக் கணத்தில் மல்லன் அவளைப் பிடித்துத் தூக்கி எறிந்தால் பாதி உயிர் போயிற்று. அதற்குக் கட்டைவிரலைக் கீழிருந்து எதிரி நிற்கும் பக்கமாக உருட்டி, அதே வேகத்தில் பொத்தானையும் தட்ட வேண்டும். என் கட்டைவிரல் சாக்கட்டியைத் தவிர வேறெதையும் பிடித்துப் பழகியதில்லை. ஆயினும் வந்தது. "அப்பா, பாப்பா தூங்குறா. உங்க குண்டனைக் கொஞ்சம் மெதுவா தூக்கிப் போடச் சொல்லுங்க" என்று மகளே சொல்லும் அளவுக்கு வந்தது.

இனி முறையீட்டுக்கு வருகிறேன். கையில் பிடித்து வீரனை ஆட்டுவிக்கும் பொத்தான் கருவிக்குத்தான் கன்ட்ரோலர் என்று பெயர். முதல் கன்ட்ரோலரை வைத்திருப்பவரின் வீரன் இடப்பக்கம் நின்று வலப்பக்கம் பார்ப்பான். நான் தனியாளாகப் பழகியவன். என்னிடம் இருந்தது ஒரே கன்ட்ரோலர். என் கட்டைவிரலுக்குத் தெரிந்த எதிரி, எப்போதும் வலப்பக்கம்தான் நிற்பான். ஞாயிறன்று தாங்கள் என்னை மெத்தை நாற்காலியில் உட்கார வைத்து, முதுகுக்கு ஒரு தலையணையும் கொடுத்து, "சம்பந்தி, உங்களுக்குன்னே புதுசா ஒண்ணு வாங்கி வச்சிருக்கோம். இந்தப் பழசு என்கிட்டயே இருக்கட்டும், இதுல பொத்தான் ஒட்டிக்குது" என்றீர்கள். அந்தப் புதியதுதான் இரண்டாவது கன்ட்ரோலர். என் மல்லன் வலப்பக்கம் போய், இடப்பக்கம் பார்த்து நின்றான். நான் கற்ற அத்தனைக்கும் முன் பின்னாயிற்று, பின் முன்னாயிற்று. மாற்றிக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். விருந்தாளிக்கென்று வாங்கிய புதுப்பொருளைத் தள்ளிவிட்டு, வீட்டுக்காரர் கையிலிருக்கும் ஒட்டுகிற பழசை எந்த வாயால் கேட்பது?

தாங்கள் குதிக்கப்போகிறீர்கள் என்பது தங்களுக்குத் தெரியுமுன்பே எனக்குத் தெரிந்தது. குதித்தீர்கள். தடுத்தேன். சடைக்காரி இறங்கினாள். அந்த ஒரு கணம், நான் மாதக்கணக்கில் காத்திருந்த கணம், வந்து நின்றது. என் விரல் பழகிய பக்கமே உருண்டது. மல்லன் பின்னால் நகர்ந்து, வெறும் காற்றை ஆரத் தழுவினான். "என்ன சம்பந்தி, உங்க ஆளு யாரையோ வரவேற்கிறான்?" என்றீர்கள். கூடமே சிரித்தது. என் மகளும் சிரித்தாள். மறுபடியும் தாங்கள் குதித்தீர்கள். மறுபடியும் அவன் வரவேற்றான். அதைவிடக் கொடுமை, கடைசிச் சுற்றில் நடுவே மாப்பிள்ளையிடம் திரும்பி, "ஏன்டா, இதுல அடியைத் தடுக்கறது எந்தப் பொத்தான்?" என்று கேட்டீர்கள். தடுக்கவே தெரியாத ஒருவரிடம் நான் தோற்றிருக்கிறேன். அறியாமை வென்றது.

மறுநாள் வகுப்பில் ஒரு மன்னனின் தோல்விக்குக் காரணம் சொல்ல வேண்டியிருந்தது. எதிரியின் பலத்தை அறியாமல் போனான் என்பதே இத்தனை ஆண்டுகளாக நான் சொல்லிவந்த காரணம். அன்று அந்தக் காரணத்தை விட்டுவிட்டுப் பாடத்தை முடித்தேன். அவனுக்கும் எல்லாம் தெரிந்திருக்கும். பழகாத பக்கத்தில் நின்றிருப்பான், பாவம்.

ஆகவே தங்கள் உபசாரம் திட்டமிட்ட சூழ்ச்சி என்றும், முடிவு செல்லாது என்றும், முதல் கன்ட்ரோலரை என் கையில் தந்து மறுபோட்டி நடத்த வேண்டும் என்றும் கோருகிறேன். இதில் எனக்கு விளையாட்டு எதுவும் இல்லை. என் மனைவி போன பிறகு அந்தப் பெயர் இந்த வீட்டில் மின்கட்டண ரசீதில் மட்டும்தான் வருகிறது. அதை மறுபடி வாய்விட்டுக் கூப்பிட எனக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. கேட்டது அவ்வளவுதான்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். மாப்பிள்ளைக்கு என் ஆசிகள். அவருடைய யோசனைகளுக்கு அல்ல. குழந்தை நீண்ட ஆயுளும், தங்கள் மருத்துவமனைப் பக்கமே போகத் தேவையில்லாத பற்களும் பெற்று வாழ்க.

இப்படிக்கு,
வேறு வழியின்றித் தங்கள் சம்பந்தி

பி.கு.: உறையை ஒட்டுமுன் மகள் தொலைபேசியில் அழைத்தாள். தங்களுக்குக் கடிதம் எழுதியிருப்பதைச் சொன்னேன்.

"அப்பா, மாமாவை ஒண்ணும் சொல்லாதீங்க. ரெண்டாவது கன்ட்ரோலரை வாங்கி உங்ககிட்ட குடுக்கச் சொன்னதே நான்தான். ஏன்னு அவருக்குத் தெரியாது."

"எதுக்கும்மா?"

"நீங்க ஒரு பக்கம்தான் ஆடுவீங்க. கூடவே இருந்து பாத்தேனே."

"அம்மா பேரு வேணாமா உனக்கு?"

"வேணாம்னு இல்லப்பா. பாப்பா நாளைக்கு மண்ணைத் தின்னா அதட்டணும். குளிக்க வரலன்னா முதுகுல ஒண்ணு வைக்கணும். அம்மா பேரைச் சொல்லி என்னால அதெல்லாம் முடியாது."

"என்கிட்ட நேரா சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா நீங்க பேசியே ஜெயிச்சிருப்பீங்க."

எனவே அறியாமை வென்றது என்று நான் எழுதியதைத் தயவுசெய்து அடித்துவிடவும். என்னை நன்றாகப் படித்த ஒருவர் அந்தக் கூடத்தில் இருந்திருக்கிறார். சூழ்ச்சி என்பதையும் அடித்துவிடவும். அந்தத் தலையணைக்கு நன்றி. மறுபோட்டி வேண்டாம். தாங்கள் வைத்த பெயரை, வீட்டில் வேறு யாரும் இல்லாததால், சத்தமாகக் கூப்பிட்டுப் பார்த்தேன். அதட்டுவதற்கு வசதியாகத்தான் இருக்கிறது.