சாமை மிஷினுக்கு ஒயர் இல்லாத கயிறு கட்டிய கதை

ஜவ்வாது மலை,
வியாழக்கிழமை.

அன்பிற்குரிய மருமகள் மஹீனுக்கு மாமா ஃபரூக் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இவ்விடம் நானும் நீ கொடுத்தனுப்பிய ரிசீவர் பெட்டியும் சுகம். அவ்விடம் நீயும் பிள்ளைகளும் உன் மாமியாரின் முட்டியும் சுகமா? இங்கே போனில் சிக்னல் எடுக்காததால் ஒடுகத்தூர் பஸ் கண்டக்டரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நிற்க. உன் கம்பெனிக்கு முதல் ஆர்டர் என்பதால் மிகக் கவனமாகவே ஆரம்பித்தேன். சாமை அரைக்கும் மிஷின் வாய்க்குப் பக்கத்தில் அவசரக் கயிறு. அதை இழுத்தால் ஒயரே இல்லாமல் சுவரிலுள்ள பெட்டிக்குச் சேதி போய் மிஷின் நிற்க வேண்டும். ஆபீசில் மேனேஜர் பஞ்சாட்சரத்தின் கம்ப்யூட்டரிலும் சிவப்பாகத் தெரிய வேண்டும். போன வருஷம் இப்படி ஒன்று இல்லாமல்தான், தானியம் கொட்டும் சசிகலாவுக்கு மோதிர விரல் பாதி போனது. பெட்டியில் பட்டனை அமுக்கினேன், பச்சை விளக்கு மினுக்கியது. இப்போ கயித்த ஒரு தடவை இழுத்தா பெட்டி அதைச் சேத்துக்கும், மறுபடி இழுத்தா கழட்டி வுட்டுடும்னு நீ சொல்லியிருந்தே. இழுக்கப் போறேன், அந்த நேரம் பாத்து வாசல் வழியா ஒரு மேகம் உள்ள வந்துச்சும்மா. மெதுவா வந்து மூட்டைங்க மேல படுத்து, என் கண்ணாடியைத் தடவிட்டு, அந்தப் பச்சை விளக்கைச் சுத்தி நின்னுச்சு. முப்பது வருஷம் தோல் பதனிடற ஷாப்புல மோட்டார் கட்டினவன் இதையெல்லாம் எங்க பாத்தேன்? நான் யாரு, இன்னா வேலைக்கு வந்தேன், ஒண்ணும் நெனப்பில்ல. அவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு.

முழிச்சுப் பாத்தா கயித்துல மஞ்சள், குங்குமம், பூ. புதுசா எது வந்தாலும் இங்க வேலை செய்யறவங்க பூஜை போடாம ஓட்டமாட்டாங்களாம். கற்பூரம் காட்டி முடிச்சு, ஒவ்வொருத்தரா கோயில் மணி அடிக்கற மாதிரி கயித்த ஒரு இழு இழுத்து, கண்ணுல ஒத்திக்கினு போறாங்க. நான் தள்ளி நின்னு சுண்டல் மட்டும் வாங்கிக்கினேன். மொத்தம் பதினாலு பேரு மஹீன். சேரும், கழலும், சேரும், கழலும். ஒத்தைப்படையில முடிஞ்சிருந்தா பொழைச்சிருப்போம். ஆபீசுல இருந்த பஞ்சாட்சரத்தைக் கையப் புடிச்சு இட்டாந்து பதினஞ்சாவதா இழுக்க வெச்சு, கயிறு சேந்ததும்தான் பெட்டி பட்டனை அணைச்சேன். அப்புறம் பத்து தடவை சோதிச்சேன். ஒம்போது தடவை மிஷின் டக்குனு நின்னுச்சு. ஒரு தடவை நிக்கல. அது மேகத்தோட வேலை, கலைஞ்சா சரியாப் போய்டும். ஆகவே வேலை இனிதே முடிந்தது. பஞ்சாட்சரம் கையெழுத்தும் போட்டுட்டாரு. நாளைக் காலை பஸ்ஸில் வர்றேன்.

வூட்டில் பெரியவங்களுக்கு என் ஸலாம், சின்னதுங்களுக்கு முத்தம். உன் தொழில் நல்லா வர தினமும் துஆ செய்கிறேன்.

இப்படிக்கு,
மாமா ஃபரூக்

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது சசிகலா வந்தாங்க. பெருமையா மேல எழுதினதைப் படிச்சுக் காட்டினேன். முழுசாக் கேட்டுட்டு, "பாய், மிஷின் வாயில நீங்க கைய வைங்க, நான் கயித்த இழுக்கறேன். வெப்பீங்களா?"ன்னு கேட்டாங்க. என் கை பாக்கெட்டை வுட்டு வெளிய வரலம்மா. ரொம்ப வெக்கமாப் போச்சு. கையெழுத்துப் போட்ட தாளைக் கிழிச்சுட்டேன். நான் நாளைக்கு வரல. பெட்டி மட்டும் இந்த பஸ்ஸுலயே வருது. இருநூறு அடி ஒயர் அனுப்பு.