ஆராய்ச்சிக்காரர்கள் வந்துபோன வீடு

"அழிச்சிட்டீங்களா? என்னம்மா சொல்றீங்க, அழிச்சிட்டீங்களா?"

தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி நின்று ஆண்டியப்பன் கத்திய கத்தலில் கீழே லயத்து வரிசை வீடுகளின் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் போனுக்கு சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் அந்தத் தொட்டிதான். அதனால் அங்கே யாருக்கும் ரகசியம் என்று ஒன்று கிடையாது.

மறுமுனையில் யூஜினா. தோட்டத்துப் பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று ஆராய்ந்து பட்டம் வாங்கியவள்.

"ஆராய்ச்சி முடிஞ்சா பேட்டியெல்லாம் அழிச்சிடணும் ஐயா. அதுதான் விதி. அதோட, அந்தப் பேட்டியில அம்மா வந்து..."

"அம்மா இனிமே எங்கம்மா வரப்போறா? போய்ச் சேந்து நாலு மாசமாச்சு!"

போனை வைத்துவிட்டு, தொட்டியிலிருந்து இறங்காமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

அவர் ஆசைப்பட்டது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. செத்துப்போன மனைவி ராமாயியின் குரலை ஒரு தடவை கேட்க வேண்டும். போன வாரம் விடியற்காலையில் யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்தது. எழுந்து உட்கார்ந்து, அவள் எப்படிக் கூப்பிடுவாள் என்று நினைத்துப் பார்த்தார். முகம் வந்தது, முக்காடு வந்தது, நடை வந்தது. குரல் மட்டும் வரவே இல்லை. முப்பத்தைந்து வருஷம் குடித்தனம் நடத்திய மனுஷிக்குக் குரல் எப்படி இருந்தது என்று தெரியாமல் போனதில் மனுஷன் நிலைகுலைந்து போனார்.

போட்டோ இருந்தது. வீடியோ கிடையாது. அவர் வைத்திருந்தது பட்டன் போன். அப்போதுதான் அவருக்கு ஆராய்ச்சிக்காரர்கள் ஞாபகம் வந்தது.

ஆண்டியப்பன் தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவராக இருந்து ஓய்ந்தவர். பதவி போனதே தவிர வாய் ஓயவில்லை. வாகனம் ஏறி வரக்கூடிய இடத்தில் முதல் வீடு அவருடையது. ஆகவே மலைக்கு வந்த படிப்பெல்லாம் அவர் வீட்டு வாசலில்தான் செருப்பைக் கழற்றியது. மண் எங்கே சரியும் என்று பார்க்க ஒரு கூட்டம் வந்தது. ரத்தம் குடிக்கும் அட்டையில் எத்தனை வகை என்று எண்ண ஒருவர் வந்தார். தோட்டத்துத் தமிழ்ச் சொற்களைச் சேகரிக்க, ரத்தத்தில் இரும்புச்சத்தைப் பார்க்க, முன்னோர் எந்தக் கப்பலில் வந்தார்கள் என்று கேட்க, யாருக்கு ஓட்டுப் போட்டீர்கள் என்று கேட்க, ஆளுக்கொரு பையோடு வந்தார்கள். தெரியாது என்ற சொல் ஆண்டியப்பன் வாயிலிருந்து வந்ததே இல்லை. அட்டையைப் பற்றிக் கேட்டவருக்கும் கப்பல் கதையைச் சேர்த்தே சொன்னார். பிரசவம் பற்றி ஆராய வந்த பெண்ணிடம், பிறந்த வாரமே போய்விட்ட தங்களுடைய ஒரே பிள்ளையைப் பற்றி அழுது அழுது சொன்னார். ராமாயி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள்.

இத்தனை பேரும் பேச்சைப் பதிவு செய்தார்கள். யாரிடமாவது அவள் குரல் இல்லாமலா போகும்?

யூஜினாவிடம் கத்தியதன் பலன் அடுத்த வாரமே வந்தது. அவள் பயந்துபோய் மேலிடத்தில் சொல்ல, ஆராய்ச்சியால் பெரியவரின் மனம் புண்பட்டதா என்று விசாரிக்க இரண்டு பேர் வந்து இறங்கினார்கள். அவர்களும் ரெக்கோடரை மேசையில் வைத்தார்கள். ஆண்டியப்பன் மத்தியானம் வரை பேசினார். போகும்போது, "உங்களப் பத்தியே ஒரு ஆராய்ச்சி செய்யலாம் ஐயா" என்றார்கள். ராமாயியின் குரலைத் தேடப் போய், அவர் குரல்தான் இன்னும் ஒரு இடத்தில் கூடியது.

அடுத்தது துஷாந்த். மலையில் கெமராக்களைக் கட்டி வைத்து சிறுத்தைகளை எண்ணுகிறவன். எத்தனை தடவை அடித்தும் போனை எடுக்கவில்லை. ஆண்டியப்பன் யோசித்தார். பிறகு, லயத்துக்குப் பின்னால் சிறுத்தை குட்டியோடு படுத்திருக்கிறது என்று லயத்துப் பையன் ஒருவனைக் கொண்டு ஒரு மெசேஜ் அனுப்பினார்.

மறுநாள் விடியும்போதே துஷாந்த் வந்துவிட்டான். தனியாக வரவில்லை. காட்டு அதிகாரிகளும் வந்தார்கள். அதிகாரிகளைக் கண்டு தோட்டத்து மேனேஜர் துரை ஓடிவந்தார். குட்டி போட்ட சிறுத்தை இருக்கும் மலையில் கொழுந்து பறிக்க விடமுடியாது என்று பெண்களையெல்லாம் திருப்பி அனுப்பினார்கள். அன்றைக்கு வேலைப் பதிவில் ஒருத்திக்கும் பேர் விழவில்லை. பேர் விழாத நாளுக்குச் சம்பளமும் இல்லை.

துஷாந்த் மட்டும் நல்ல பிள்ளை. விஷயம் தெரிந்தும் கோபப்படாமல் கம்ப்யூட்டரைத் திறந்தான்.

"கெமராவுல மனுசங்க பட்டா அழிச்சிருவோம் ஐயா. இது ஒண்ணுதான் இருக்கு. அம்மாவுக்குப் பின்னாடியே ஒரு முள்ளம்பன்றி போச்சு, அதுக்காக வச்சிருக்கேன்."

ராமாயி விறகுக் கட்டோடு வந்தாள். அந்த ஒற்றையடிப் பாதையில் அவளைத் தவிர யாரும் இல்லை. அவள் வாய் அசைந்துகொண்டே இருந்தது. பேசுகிறாளா, பாடுகிறாளா தெரியவில்லை. ஒரு இடத்தில் தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள்.

"சத்தத்தக் கொஞ்சம் கூட்டு தம்பி."

"சத்தம் கெடையாதுங்க ஐயா. சிறுத்தை பேசாதுங்களே, அதனால மைக் போடல."

ஆண்டியப்பன் அதைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் ராமாயி சத்தமில்லாமல் சிரித்துவிட்டுப் போனாள். முள்ளம்பன்றி பின்னால் போனது.

சாயங்காலம் பெண்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். முன்னால் பக்கத்து வீட்டு லெட்சுமி, இடுப்பில் கையோடு.

"தலைவரே, சிறுத்தை எங்க? கூப்பிடுங்க, நாங்களும் பாக்கறோம்."

வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னார். சொல்லச் சொல்ல லெட்சுமியின் கை இடுப்பிலிருந்து இறங்கியது.

"ராமாயி அக்கா குரலா?" என்றாள். "ஐயோ, மலையில அவங்க வாயத் தொறந்தா வேலை வாங்குற கண்டாக்கையாவே கொழுந்து நிறுக்கிறத விட்டுட்டு சிரிப்பாரே! ஒங்கள மாதிரியே பேசிக் காட்டுவாங்க தலைவரே. அந்தத் தொண்டையச் செருமுறதுகூட அப்படியே வரும்."

"என்ன மாதிரியா? ராமாயியா?"

பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சிலர் சிரித்தார்கள், சிலர் அழுதார்கள். இந்த ராமாயியை ஆண்டியப்பனுக்குத் தெரியவே தெரியாது. ஆனாலும், "எனக்குத் தெரியாதா?" என்று சொல்லிவைத்தார். பிறகு கொஞ்சம் தயங்கி, "லெட்சுமி, அவ பேசற மாதிரி ஒருக்கா பேசிக் காட்டேன்" என்று கேட்டார்.

அவள் பேசிக் காட்டினாள். இல்லை, இன்னும் மெலிசா இருக்கும் என்றாள் இன்னொருத்தி. நீ சும்மா இரு, கட்டைக் குரல் என்றாள் மூன்றாமவள். ஆளுக்கொரு ராமாயியைப் பேசிக்காட்டிவிட்டு அவர்கள் போனார்கள். அதற்குப் பிறகு கண்ணை மூடினால் ராமாயி லெட்சுமியின் குரலில் பேச ஆரம்பித்தாள். அதுவரை காதில் எங்காவது ஒரு துளி மிச்சம் இருந்திருந்தால் அதுவும் அன்றைக்குப் போய்விட்டது.

மிச்சம் இருந்தது பிரேமினி மட்டும். கண்டிப் பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் தமிழ் படிப்பிக்கிறவள். தோட்டத்துப் பேச்சை ஆராய மூன்று தடவை வந்து, பொழுது சாயும்வரை பதிவு செய்துகொண்டு போனவள்.

ஆண்டியப்பன் மறுபடியும் தொட்டியில் ஏறினார்.

"பதிவெல்லாம் பத்திரமா இருக்கு ஐயா" என்றாள் அவள். "ஆனா ஐயா, அதுல அம்மாவோட..."

"இருக்கா! இருக்காம்மா?" தொட்டிக்குள் விழாமல் தப்பியதே பெரிய காரியம். போனைக் கையில் பிடித்தபடியே லயத்தைப் பார்த்துக் கத்தினார். "ஏ லெட்சுமி! ராமாயி குரல் கெடைச்சிருச்சு! எல்லாருக்கிட்டயும் சொல்லு!"

"ஐயா, ஒரு நிமிசம் நான் சொல்றதக் கேளுங்க..."

"நீ நல்லா இருக்கணும்மா. நீ ஒண்ணும் சொல்ல வேணாம். நானே வந்து வாங்கிக்கிறேன்."

அவள் சொல்ல வந்ததை விட்டுவிட்டாள். பிறகு, "சரி ஐயா. சின்னராசா அண்ணன் வேனை அனுப்புறேன். நேர்லயே பேசிக்கலாம்" என்றாள்.

பெண்கள் சிறுத்தையை மன்னித்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயில் ஸ்பீக்கரில் ராமாயியின் குரலைப் போட்டு எல்லோரும் கேட்பது என்று முடிவாகியது. லெட்சுமி பாயசத்துக்கு வீடு வீடாக அரிசி சேர்த்தாள். எந்த இடத்தில் உட்கார்ந்து கேட்பது என்று ஆண்டியப்பன் அன்றைக்கே கோயிலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ராமாயி போன பிறகு அவர் முகச்சவரம் செய்துகொண்டது அன்றைக்குத்தான்.

சின்னராசா ஹட்டனில் வாடகை வேன் ஓட்டுகிறவர். மலைக்கு வந்த எந்த ஆராய்ச்சிக்காரரும் ரயிலை விட்டு இறங்கினால் அவர் வேனில்தான் ஏறியாக வேண்டும். மண், அட்டை, ரத்தம், தமிழ் எல்லாமே அந்த வேனில் ஏறித்தான் ஆண்டியப்பன் வீட்டுக்கு வந்தன. அவர்கள் பேட்டி முடிக்கும்வரை சின்னராசாவும் வீட்டு மூலையில் உட்கார்ந்திருப்பார்.

வேன் கிளம்பியதிலிருந்து ஆண்டியப்பன் வாயை மூடவில்லை. சங்கத்துக் கதை, வேலைநிறுத்தக் கதை, துரையை மடக்கிய கதை எல்லாம் வந்தன. சின்னராசா வாயைத் திறக்கும் போதெல்லாம் அடுத்த கதை தொடங்கிவிட்டது. கினிகத்தேனையில் ஒரு கடை ஓரமாக வேனை நிறுத்தி, ஆளுக்கொரு பிளேன்டீ வாங்கிக்கொண்டார்கள்.

"ஒங்க வீட்டுத் தேத்தண்ணி மாதிரி வராது தலைவரே" என்றார் சின்னராசா. "அந்தம்மா போனது எனக்கு ரொம்பக் கவலை. சீனி போதுமான்னு கையாலயே கேப்பாங்க. நானும் கையாலயே போதும்னு சொல்லுவேன்."

ஆண்டியப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அவ குரலக் கேக்கத்தான்யா இப்ப போறேன். பிரேமினி அம்மா பதிஞ்சு வச்சிருக்கு."

சின்னராசா டீ கிளாசைக் கீழே வைத்தார்.

"குரலா? நான் ஒங்ககிட்ட இன்னொரு பேட்டி எடுக்கத்தான் கூப்பிட்டாங்கன்னு நெனச்சேன்."

"எனக்கு மறந்துபோச்சு சின்னராசா. சத்தியமா மறந்துபோச்சு. நீ ஒருத்தன்தான் எல்லாப் பேட்டிக்கும் கூட இருந்தவன். ஒனக்காவது ஞாபகம் இருக்கும். சொல்லேன், அவ எப்படிப் பேசுவா?"

கேட்டுவிட்டு, ஆண்டியப்பன் வாயை மூடிக்கொண்டு பதிலுக்காகக் காத்திருந்தார். சின்னராசா அவர் பக்கம் திரும்பினார்.

"அந்தம்மா ஊமை இல்லையா, தலைவரே?"