நன்றியுணர்வுத் துறையின் இறுதி அழைப்பு

வேதியியலுக்குத் துறை உண்டு, வணிகவியலுக்குத் துறை உண்டு, சில இடங்களில் புல் வெட்டுவதற்குக்கூடத் துறை உண்டு. ஆனால் நன்றியுணர்வுக்கென்று தனித் துறை அமைத்து, அதற்கோர் இயக்குநரையும் அவருக்கொரு தோல் நாற்காலியையும் வழங்கிய பெருமை, பென்சில்வேனியா மலைகளுக்கு நடுவே இருக்கும் ஹெம்லாக் பள்ளத்தாக்குக் கல்லூரியையே சேரும். மனித குலம் குகையை விட்டு இவ்வளவு தூரம் நடந்து வந்தது எதற்காக என்று யாராவது கேட்டால், தயங்காமல் அந்த நாற்காலியைக் காட்டலாம்.

நாற்காலியில் இருந்தவர் டென்டன் வைட்டிங். நன்றியில் ஊறிய மனிதர். தீயணைப்பு வண்டி சாலையில் போனால் காரை ஓரங்கட்டி, இறங்கி, நெஞ்சில் கை வைத்து நிற்பார். பின்னால் வரும் ஆம்புலன்ஸ் வழி கிடைக்காமல் அலறினால் அதற்கும் சேர்த்து நிற்பார்.

அவருடைய துறையின் மணிமகுடம் 'வீரர் குடும்பக் கட்டண விலக்கு'. பணியில் உயிர்நீத்த தீயணைப்பு வீரர், காவலர், ஆம்புலன்ஸ் ஊழியர் ஆகியோரின் பிள்ளைகளுக்கு இங்கே கல்விக் கட்டணமே கிடையாது. கல்லூரிக் கையேட்டின் முதல் பக்கத்தில் தங்க எழுத்தில் அச்சிட்டிருந்த இந்த அறிவிப்பைப் படித்துக் கண் கலங்காத நன்கொடையாளர் இல்லை. கலங்கிய கண்ணோடு அவர்கள் எழுதித் தந்த காசோலைகளெல்லாம் பத்திரமாக இருந்தன. திட்டம் தொடங்கியதிலிருந்து ஒரே ஒரு பிள்ளைகூட அதைத் தொட்டதில்லை. "நிதி கன்னி கழியாம அப்படியே இருக்கு, பாருங்க!" என்று வைட்டிங் ஆண்டுதோறும் பூரித்துப்போவார்.

நிதி மட்டுமா? நூலகத்து வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு வெண்கல பூட்ஸும் இருந்தது. ஊர்த் தீயணைப்பு வீரர்கள் சிக்னலில் நின்று, கார்களுக்கு நேரே பூட்ஸை நீட்டி வசூல் செய்யும் வழக்கத்துக்குக் கல்லூரி செலுத்திய காணிக்கை அது. அந்தச் சிலைக்கு ஆன செலவில் ஒரு நல்ல வண்டியே வாங்கியிருக்கலாம் என்று சில அற்ப மனிதர்கள் பேசினார்கள். வண்டி துருப்பிடிக்கும், வெண்கலம் பிடிக்காது என்பது அவர்களுக்குப் புரியவில்லை.

இப்படி எல்லாம் சீராகப் போய்க்கொண்டிருந்தபோதுதான், மெர்ல் ஷெங்க் என்பவர் கொஞ்சமும் யோசிக்காமல் செத்துப்போனார்.

மெர்ல் பள்ளிப் பேருந்து ஓட்டுநர். இந்தப் பள்ளத்தாக்கில் தீயணைப்பு வீரருக்குச் சம்பளம் கிடையாது. பேருந்து ஓட்டுபவரும் பால்பண்ணைக்காரரும் பல் மருத்துவரும் தீ அழைப்பு வந்து இடுப்புப் பேஜர் கத்தியதும் போட்டதைப் போட்டபடி ஓடுவார்கள். குழாய் கிழிந்துபோனால் ஞாயிற்றுக்கிழமை கோழி சுட்டு விற்றுப் புதுக் குழாய் வாங்குவார்கள். மார்ச் மாதத்தில் ஒரு பால்பண்ணைத் தொழுவம் பற்றி எரிந்தது. மெர்ல் மாடுகளை ஒவ்வொன்றாக வெளியே ஓட்டிவிட்டு, தீயையும் அணைத்துவிட்டு, மற்றவர்களோடு நிலையத்துக்குத் திரும்பினார். வண்டியின் பின்படியில் உட்கார்ந்து ஒரு கால் பூட்ஸைக் கழற்றினார். மறு பூட்ஸைக் கழற்றவில்லை. இதயம் நின்றுவிட்டது.

அவருடைய மகள் கெல்சி அதே கல்லூரியில் செவிலியர் படிப்பில் சேர்ந்து, கட்டண விலக்குக்கு விண்ணப்பித்தாள். கமிட்டி கூடியது. ஒரு தடவை அல்ல, கோடை முழுவதும் கூடியது. சாட்சி சொல்லத் தீயணைப்புக் குழுத் தலைவர் ரஸ் கிளிங்கரை வரவழைத்தார்கள். சட்ட ஆலோசகர் மிஸ் ப்ரூயிட் விசாரணையைத் தொடங்கினார்.

"மிஸ்டர் ஷெங்க் இறந்தப்ப தீ எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சா?"

"இல்லம்மா. அணைச்சுட்டுத்தான வந்தோம்."

"ஆக, அப்ப தீயே இல்ல. இல்லாத தீ எப்படிங்க ஒருத்தரக் கொல்லும்?"

வாதத்தின் அழகில் சொக்கிப்போன வைட்டிங், கை தட்டப் போய் அடக்கிக்கொண்டார்.

"ஏம்மா, நீ ராத்திரி பூரா புகையத் தின்னுருக்கியா?" என்றார் ரஸ். "அணைஞ்சுட்டா வேல முடிஞ்சுதுன்னு யாரு சொன்னா? குழாயக் கழுவிக் காயப் போடணும். வண்டிய உள்ள விடணும். அப்புறம் கட்டுப்பாட்டு அறையில இருக்கிற வோண்டாவக் கூப்பிட்டு 'வந்து சேந்துட்டோம்'னு சொல்லணும். அதுவரைக்கும் நாங்க வேலையிலதான் இருக்கோம். எங்க தாத்தன் காலத்துலேருந்து அதான் வழக்கம்."

"அது உங்க வழக்கம். இது கல்லூரி. தீயணைப்பு உடுப்பையாவது போட்டிருந்தாரா?"

"கழட்டிட்டான். ஒரு பூட்ஸ் மட்டும் கால்ல இருந்துச்சு."

"ஒரு பூட்ஸ்," என்று மிஸ் ப்ரூயிட் குறித்துக்கொண்டார்.

இளகிய மனம் படைத்த வைட்டிங்குக்குத் தாங்கவில்லை. "ஒரு கால்ல பூட்ஸ் இருந்ததுனால, பாதி விலக்காவது குடுக்கலாமே?"

"முன்னுதாரணம் ஆயிடும் டென்டன். நாளைக்கு ஒருத்தர் வெறும் கையுறையோட செத்து வெப்பார்."

ரஸ் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். "உங்க ரெண்டு பேர் வீடும் பத்திக்கிட்டா நாங்க வருவோம்மா," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவர் நன்றி சொல்லாமல் போனது வைட்டிங்குக்கு வருத்தமாக இருந்தது.

அக்டோபர் வந்தது. முன்னாள் மாணவர் தினம், கால்பந்து ஆட்டம், நன்கொடையாளர்கள் கூட்டம் எல்லாம் ஒரே சனிக்கிழமையில். ஆட்ட இடைவேளையில் மெர்லுக்கு 'இறுதி அழைப்பு' நடத்துவது என்று வைட்டிங் முடிவு செய்தார். தீயணைப்புக்காரர் ஒருவர் இறந்தால் கட்டுப்பாட்டு அறையிலிருந்து அவருடைய எண்ணை மூன்று முறை கூப்பிடுவார்கள். பதில் வராது. அந்த மௌனத்துக்குப் பிறகு, 'அவர் பணி முடிந்தது' என்று அறிவிப்பார்கள். கல் நெஞ்சும் கரைந்துவிடும். கல் நெஞ்சு கரைந்தால் கைப்பையும் திறக்கும் என்பது துறை கண்டறிந்த உண்மை.

மெர்லின் மனைவி டார்லா சூப்பர் மார்க்கெட்டில் பன்றியிறைச்சி வெட்டித் தரும் கவுன்டரில் வேலை செய்தாள். வைட்டிங் நேரிலேயே போனார்.

"மைதானத்துக்கு நடுவுல நீங்க நிக்கணும். கையில அவரோட வாக்கி-டாக்கி. அவ்வளவுதாம்மா."

டார்லா இறைச்சி வெட்டும் மெஷினை நிறுத்தினாள். "நின்னா கெல்சி விஷயம் நடக்குமா சார்?"

"ச்சேச்சே, ரெண்டுக்கும் சம்பந்தமே இல்ல." வைட்டிங் ருசி பார்க்க வைத்திருந்த துண்டு ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார். "ஆனா நின்னா நல்லாருக்கும்."

"திங்கக்கிழமைக்குள்ள முடிவு வரலேன்னா காலேஜ்லேருந்து அவ பேர அடிச்சிடுவாங்களாம். நான் இங்கயும் நின்னு, சாயங்காலம் இன்னொரு கடையிலயும் நின்னாலும் அந்தக் கட்டணத்துக்குக் காணாது சார். அந்தப் புள்ள நர்ஸாகணும்னு அவங்கப்பா பஸ்ஸுல ஏறுற குழந்தைங்ககிட்டயெல்லாம் சொல்லி வெச்சிருந்தாரு."

"அடடா! இத அப்படியே விழாவுல வாசிக்கலாமே!" என்று வைட்டிங் மனதில் குறித்துக்கொண்டார்.

வாக்கி-டாக்கி விஷயத்தில் ரஸ் கொஞ்சம் முரண்டு பிடித்தார். "நெசமான பெட்டி எதுக்குப்பா? பொம்ம ஒண்ணக் குடுத்தாப் போதாதா? இதுல பொத்தான அமுக்கினா பேச்சு வெளிய போகும்."

"நம்ம கல்லூரியில எதுவும் பொய்யா இருக்கக் கூடாது மிஸ்டர் கிளிங்கர். நிஜப் பெட்டி, நிஜ அலைவரிசை, வோண்டாவோட நிஜக் குரல். எல்லாத்தையும் மைதானத்து ஒலிபெருக்கியில இணைச்சிடுவோம்."

"யாராச்சும் அமுக்கிட்டா?"

"இதுல பதிலே கிடையாதே! யாருங்க பேசப்போறாங்க?"

சனிக்கிழமை காலையில் கமிட்டியின் முடிவு வைட்டிங்குக்கு வந்து சேர்ந்தது. விண்ணப்பம் நிராகரிப்பு. துக்கத்தில் இருப்பவர்களிடம் எதையும் பட்டென்று சொல்லக் கூடாது என்ற நாகரிகத்தால், அவர் அதை விழா முடியும்வரை சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஆனால் கல்லூரிக் கணினிக்கு அவ்வளவு நாகரிகம் போதவில்லை. நன்றியைத்தான் அங்கே கமிட்டி போட்டுத் தாமதமாகச் செய்வார்கள். பெயரை அடித்து நீக்கும் வேலையை உடனுக்குடன் செய்துவிடுவார்கள்.

இடைவேளைக்குச் சற்று முன், டார்லாவும் வைட்டிங்கும் நின்றிருந்த மைதான ஓரத்துக்குக் கெல்சி மூச்சு வாங்க ஓடி வந்தாள். அம்மாவுக்குக் கோழிச் சோள சூப் வாங்கப் போனவள், வெறுங்கையோடு திரும்பியிருந்தாள்.

"சார், என் கார்டு செல்லலையாம். நான் இங்க மாணவியே இல்லேன்னு மெஷின் சொல்லுது."

"திங்கட்கிழமை பேசிக்கலாம்மா. இப்ப அந்த முகத்த மட்டும் மாத்தாத. நல்லா வந்திருக்கு," என்று வைட்டிங் புகைப்படக்காரரைக் கூப்பிட்டார்.

டார்லா அவரை நேராகப் பார்த்தாள். "மறுத்துட்டீங்களா சார்?"

"மறுக்கிறதுன்னு நாங்க சொல்றதில்லம்மா. 'ஆழ்ந்த மரியாதையோட ஏற்க இயலாத நிலை'. தீ அணைஞ்சதோட அவரோட வேலை முடிஞ்சுபோச்சுன்னு ஒரு சின்ன சட்ட நுணுக்கம். ஆனா அவர் வீரர்தாங்கிறதுல கமிட்டிக்குக் கொஞ்சமும் சந்தேகமில்ல. போங்கம்மா, பாண்டு வாத்தியம் நின்னாச்சு."

டார்லா வாக்கி-டாக்கியைப் பிடித்துக்கொண்டு மைதானத்துக்கு நடுவே நடந்தாள். புகைப்படக்காரர் கூப்பிட்டும் அவள் திரும்பவில்லை. துக்கம் என்று வைட்டிங் நினைத்தார். கோபம்.

மைதானத்தைச் சுற்றிப் பள்ளத்தாக்கின் தீயணைப்பு வண்டிகள் எல்லாம் வந்து நின்றிருந்தன. வராதவர்கள் வீட்டிலிருந்து கேட்டார்கள். இந்த ஊர்ச் சமையலறைகளில் உப்பு இல்லாவிட்டாலும், தீயணைப்பு அலைவரிசையைக் கேட்கும் ஸ்கேனர் பெட்டி இருக்கும். எந்த வீட்டில் தீ, யாருக்கு நெஞ்சுவலி என்று கேட்டுக்கொண்டேதான் கிண்டிக் கிளறுவார்கள்.

ஒலிபெருக்கி கரகரத்தது. வோண்டாவின் குரல் மலையில் மோதி எதிரொலித்தது.

"கட்டுப்பாட்டு அறை. நாப்பத்தேழு பன்னெண்டு."

மௌனம். நன்கொடையாளர்கள் கைக்குட்டையை எடுத்தார்கள்.

"கட்டுப்பாட்டு அறை. நாப்பத்தேழு பன்னெண்டு."

மௌனம். கல்லூரித் தலைவர் வைட்டிங்கின் தோளைத் தட்டிக்கொடுத்தார். வைட்டிங்குக்கும் அழுகை வந்தது. ஐயோ பாவம், அது நிஜ அழுகைதான்.

"கட்டுப்பாட்டு அறை. நாப்பத்தேழு பன்னெண்டு, மெர்ல் ஷெங்க்."

"சொல்லு வோண்டா," என்றது ஒலிபெருக்கி.

கைக்குட்டைகள் பாதி வழியில் நின்றன. வோண்டா முப்பது வருஷமாக அந்த நாற்காலியில் இருப்பவள். யாராவது பதில் கொடுத்தால் அடுத்த கேள்வி தானாக வாயில் வந்துவிடும்.

"நாப்பத்தேழு பன்னெண்டு, எங்க இருக்கீங்க?"

"டார்லா பேசறேன். காலேஜ் மைதானத்துல நிக்கிறேன். இங்க ஒரு குழப்பம் வோண்டா. தீ அணைஞ்சதுமே மெர்லுக்கு வேல முடிஞ்சுபோச்சாம், அதனால அவர் வேலையில சாகலையாம். கெல்சி பேர அடிச்சுட்டாங்க. வேல முடிஞ்ச மனுசன் வீட்டுக்கு வரணும்ல? மார்ச்சுலேருந்து சோத்த வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன், இன்னும் வந்தபாடில்ல. எங்க இருக்காருன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லேன்."

பிறகு வேறொரு குரல் குறுக்கே வந்தது. ரஸ், தன் வண்டிக்குள் இருந்து.

"வோண்டா, ரஸ் பேசறேன். அன்னைக்கு வந்து சேந்துட்டோம்னு நான் உனக்குச் சொன்னேனா?"

"சொல்லலண்ணே. நானும் கேக்கல." வோண்டா பதிவேட்டைப் புரட்டும் சத்தம் ஒலிபெருக்கியில் கேட்டது. "டார்லா, என் கணக்குல அவர் இன்னும் வேலையிலதாம்மா இருக்கார்."

ஒரு வண்டி ஹாரன் அடித்தது. அடுத்தது அடித்தது. பிறகு மைதானத்தைச் சுற்றி நின்ற அத்தனை வண்டிகளும் சேர்ந்து அலறின. முதல் வரிசை நன்கொடையாளர் ஒருவர் எழுந்து, தான் கொடுத்த பணம் எந்தப் பிள்ளைக்குப் போனது என்று கத்திக் கேட்டார். பின் வரிசைகளும் எழுந்தன. மிஸ் ப்ரூயிட் மட்டும் தன் காரைத் தேடிப் புறப்பட்டுவிட்டார்.

கோடை முழுவதும் கூடிக் கமிட்டி முடிக்க முடியாததைக் கல்லூரித் தலைவர் அந்த இடைவேளைக்குள் முடித்தார். ஒலிவாங்கியைப் பிடுங்கி, கெல்சி ஷெங்குக்கு முழு விலக்கு, நான்கு ஆண்டுக்கும், என்று அறிவித்தார். கைதட்டல் ஓயவில்லை. தலைவர் கைதட்டலுக்குத் தலை வணங்கினார். வைட்டிங்கும் வணங்கினார். டார்லா வணங்கவில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு சூப் கடைக்குப் போனாள். கார்டு செல்லுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அவள் அழுதாள்.

திங்கட்கிழமை கமிட்டி கூடியது. நடந்தது பெரும் தவறு என்பதை உறுப்பினர்கள் மனம் திறந்து ஒப்புக்கொண்டார்கள். அது மறுபடி நடக்காதிருக்க, வைட்டிங் கொண்டுவந்த தீர்மானம் ஒரு மனதாக நிறைவேறியது: இனி இறுதி அழைப்பு விழாவில் குடும்பத்தாரிடம் கொடுக்கும் வாக்கி-டாக்கியில் பாட்டரியைக் கழற்றிவிட வேண்டும்.

வைட்டிங் அன்றே அடுத்த ஆண்டு விழாவுக்கு அழைப்பிதழ் அச்சடிக்கக் கொடுத்தார். பாண்டு வாத்தியம் ஏற்பாடாகிவிட்டது. கைக்குட்டைகூடக் கல்லூரிச் சின்னத்தோடு வருகிறது. அழைப்பிதழில் வீரரின் பெயர் வரவேண்டிய இடத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறார்கள். பள்ளத்தாக்கில் இன்னும் யாரும் சாகவில்லை.